மூன்று நாள் சாப்பாட்டுக் கணக்கு

கும்பகோணம்
ஆனி 20

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியம். அங்கே பூனாவில் மழை பிடித்துக்கொண்டது என்று டிவியில் காட்டினான். குடை இல்லாமல் போகாதே.

நீ வாட்ஸப்பில் அனுப்பியதை அம்மா படித்துக் காட்டினாள். ஆடியில் சனி, ஞாயிறு, திங்கள் வருகிறீர்கள், ஸ்டேஷன் பக்கம் ஏசி ரூம் போட்டாயிற்று, எங்கே என்ன சாப்பிடலாம் என்று அப்பாவிடம் கேட்டு அனுப்புங்கள் என்று எழுதியிருந்தாய். ரூம் போட்டது நல்லதுதான். மாடியில் ஃபேன் சத்தம் போடும், பாத்ரூம் கீழே. எனக்கு ஃபோனில் டைப் அடிக்க வராது, அதனால் தபால்.

உழவன் எக்ஸ்பிரஸ் இருட்டோடு கொண்டுவந்து இறக்கிவிடும். முகம் கழுவினதும் காபி. கும்பேஸ்வரன் கோயில் பக்கம் மங்களாம்பிகா விலாஸுக்கு நடந்தே போய்விடலாம். சூடு பொறுக்காத ஆள் என்றால் டபராவில் ஊற்றி இரண்டு ஆற்று ஆற்றிக் கொடு. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிவிடாதே, நகர்ந்துகொண்டே இருக்கும்.

காலை ஏழு மணிக்குள் குடித்துவிட வேண்டும். டிகிரி காபி என்றால் தண்ணீர் கலக்காத பசும்பாலும் முதல் டிகாக்‌ஷனும்தான், வேறு மந்திரம் இல்லை. பாலை டிகிரிமானி வைத்துப் பார்த்து வாங்கியதால் அந்தப் பேர் என்பார்கள், முதல் டிகாக்‌ஷனைத்தான் டிகிரி என்றார்கள் என்றும் சொல்வார்கள். எப்படியானாலும் பால் ஒரு தடவைதான் காய வேண்டும். பத்து மணிக்கு மேல் அதே பால் அடுப்பில் கொதித்துக் கொதித்து ஆடை வாசம் வந்துவிடும், டிகாக்‌ஷன் எவ்வளவு நன்றாக இருந்தாலும் தூக்காது. பொடியில் சிக்கரி 100க்கு 20 இருந்தால் மணமும் நிற்கும், கெட்டியும் வரும். 40 போட்டால் நிறம் அள்ளும், ஆனால் நாக்கின் அடியில் ஒரு கசப்பு தங்கும், ஃபில்டரிலும் சீக்கிரம் இறங்காது, சிக்கரி தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். எந்தக் கடைக்கு என்ன கலவை என்று முப்பது வருஷம் காபிப்பொடி விற்கக் கடைகடையாய் லைன் போனவனுக்குத் தெரியும். சொல்லக் கூடாது.

வழியில் ஹைவேயில் பித்தளை டபராவைப் படம் போட்டு நம் ஊர் பேர் எழுதிய போர்டு மைலுக்கு ஒன்று இருக்கும். அங்கே இறங்காதே. டபராதான் பித்தளை.

ஒன்று யோசித்தாயா? ஓட்டலில் 12 மணிக்குத்தான் சாவி கொடுப்பான். விடிகாலையிலிருந்து அதுவரை பெட்டியை எங்கே வைப்பீர்கள்? உன்னோடு வருகிற பெண்பிள்ளை ராத்திரி முழுக்க ரயிலில் வந்து குளிக்க வேண்டாமா? கேட்டுவிட்டுப் போட்டாயா ரூம்?

சனிக்கிழமை அன்றே திருவையாறு போய்விடுங்கள். தஞ்சாவூர் மெயின் ரோடு வேண்டாம். சுவாமிமலை, கபிஸ்தலம் வழியாகப் போ, காவிரி கூடவே வரும். மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டது. திருவையாற்றில் ஆண்டவர் அல்வா கடை. அல்வா இரண்டாம்பட்சம், அசோகாதான் வாங்க வேண்டும். வெறும் பாசிப்பருப்புதான், வேகவைத்து மசித்து, நெய்யில் வறுத்த கோதுமை மாவும் சர்க்கரையும் சேர்த்துக் கிளறுவது. பருப்புக்கு மாவு பாதிக்கு மேல் போனால் களி. இலையில் சுடச்சுட வாங்கி அங்கேயே சாப்பிட வேண்டும், கூடக் கொஞ்சம் காரம் வாங்கிக்கொள். பார்சல் கட்டி ரூமுக்குக் கொண்டுவந்தால் நெய் உறைந்து கட்டியாகக் கிடக்கும். அப்புறம் 'இதுக்கா இவ்வளவு தூரம்' என்று அந்தப் பெண் நினைக்கும்.

அங்கிருந்து தஞ்சாவூர் 13 கிலோமீட்டர். பாம்பே ஸ்வீட்ஸில் சந்திரகலா வாங்கு. மைதாவுக்குள் கோவா வைத்து, அரைச்சந்திரனாக மடித்துப் பொரித்துப் பாகில் போட்டது. பூனாக்காரர்களுக்குக் கரஞ்சி தெரியும், அதைப் பாகில் போட்டது என்று சொன்னால் புரிந்துவிடும். இது மூன்று நாள் தாங்கும், பார்சலுக்கு இதுதான் சரி.

பெரிய கோயிலில் மறக்காமல் மதிலோரம் கூட்டிக்கொண்டு போ. போன்ஸ்லே வம்சத்துக் கதையை சரபோஜி மகாராஜா 1803இல் மராத்தியில் வெட்டி வைத்திருக்கிறார். நாம் எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டே போவோம், ஒரு எழுத்து படிக்கத் தெரியாது. அந்தப் பெண் படிக்கட்டும். 1676இலிருந்து 1855 வரை அவர்கள் ஊர்க்காரர்கள்தான் நமக்கு ராஜா. யார் யாருக்கு அந்நியம் என்று... சரி, அது கிடக்கட்டும்.

வண்டி ஓட்டுகிறவர் சாப்பிட்டாரா என்று பார். நீ இதையெல்லாம் மறப்பாய்.

ஞாயிறு. ஞாயிறு சாயங்காலம் வேறு எங்கும் போகாதே, கும்பகோணத்தில் இரு. கடப்பா என்றால் இட்லிக்கு ஊற்றிக்கொள்ளும் பாசிப்பருப்பு, உருளைக்கிழங்குக் குழம்பு. எல்லாக் கடையிலும் எல்லா நாளும் போட மாட்டார்கள், பெரும்பாலும் ஞாயிறு சாயங்காலம்தான். காந்தி பார்க் பக்கம் வெங்கட்ரமணாவில் காலையிலேயே 'இன்னிக்கு உண்டா' என்று ஒரு வார்த்தை கேட்டு வைத்துக்கொள். இட்லிக்கு மேல் ஊற்றி ஊறவிட்டுச் சாப்பிட வேண்டும், தொட்டுக்கொள்ளக் கூடாது. சாம்பார் வாங்காதே, இரண்டும் கலந்தால் இரண்டும் கெடும்.

அந்தப் பெண் அம்மாவுக்கு ஃபோன் பண்ணி, 'அத்தை, கடப்பா கசக்குது, கல்லு மாதிரி ஆயிடுது' என்று கேட்டது எனக்குத் தெரியும். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன், ஸ்பீக்கரில் கேட்டது. தமிழ் நன்றாகவே வருகிறது. அம்மா வாயால் சொன்னால் 'கொஞ்சம், கொஞ்சம்' என்பாள், அளவு வராது. அதனால் எழுதுகிறேன், படித்துக் காட்டு.

நாலு பேருக்குப் பாசிப்பருப்பு 100 கிராம், உருளைக்கிழங்கு கால் கிலோ, பெரிய வெங்காயம் 2. அரைக்கத் தேங்காய் அரை மூடி, பொட்டுக்கடலை 2 ஸ்பூன், கசகசா 1 ஸ்பூன், சோம்பு 1 ஸ்பூன், பச்சை மிளகாய் 6, பூண்டு 4 பல், துண்டு இஞ்சி. கசகசாவை அவர்கள் ஊரிலும் கஸ்கஸ் என்றுதான் சொல்வார்கள், கேட்டால் கிடைக்கும். அதைக் கால் மணி நேரம் வெந்நீரில் ஊறப் போட்டால்தான் மசியும், இல்லையென்றால் பல்லில் மணல் மாதிரி நிற்கும். பருப்பு மலர வேக வேண்டும், குழையக் கூடாது. குக்கரில் வைத்தால் தனியாக ஒரே விசில். கிழங்கைக் கையால் உதிர்க்க வேண்டும், கத்தி வேண்டாம். பட்டை, கிராம்பு, பிரிஞ்சி இலை தாளித்து, வெங்காயம் நிறம் மாறாமல் வதங்கினதும் பருப்பு, கிழங்கு, தண்ணீர் சேர்த்து, கொதி வந்த பிறகு அரைத்த விழுது. விழுது போட்டபின் ஐந்து நிமிஷத்துக்கு மேல் அடுப்பில் வைத்தால் தேங்காய் திரிந்துபோகும். மிளகாய்த்தூள், மஞ்சள்தூள் கிட்டேயே வரக் கூடாது, வெள்ளையாக இருக்க வேண்டும்.

கல் மாதிரி ஆவதற்குக் காரணம் பொட்டுக்கடலை கூடிப்போனது. அதோடு பருப்பும் கிழங்கும் ஆற ஆற இழுத்துக்கொள்ளும். இறக்கும்போது ரசத்துக்கு ஒரு படி கெட்டியாக இருந்தால் போதும், இலைக்கு வரும்போது சரியாகிவிடும். கசப்பு எலுமிச்சையால். அடுப்பில் கொதிக்கும்போது பிழிந்திருக்கும். இறக்கிவைத்து, ஆவி அடங்கினபின் அரை மூடி, விதை விழாமல். அம்மா அப்படித்தான் செய்கிறாள். நாற்பது வருஷமாக நான் சாப்பிடுகிறேன், ஒரு நாள் கசந்ததில்லை.

ஓட்டல் கடப்பாவையும் அம்மா கடப்பாவையும் ஒரே நாளில் சாப்பிட்டுப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். சும்மா சொன்னேன்.

ஞாயிறு பகலில் நாச்சியார்கோயில் போய் வரலாம், திருவாரூர் ரோட்டில் பக்கம்தான். குத்துவிளக்கு வாங்குகிற எண்ணம் இருந்தால் எடைக்குத்தான் விலை. தட்டு, தண்டு, அன்னம் எல்லாம் தனித்தனி வார்ப்பு, திருகு மரை போட்டு இணைப்பது. வாங்கும் முன் முழுக்கக் கழற்றி நீயே ஒரு தடவை மாட்டிப் பார். மரை இறுகாமல் ஆடினால் எண்ணெய் ஒழுகும், கொண்டுபோய்விட்டால் மாற்ற முடியாது. கடைக்காரர் மாட்டிக் காட்டினால் போதாது, அவர் கை பழகின கை. டபரா செட்டும் வேண்டுமென்றால் உள்ளே வெள்ளீயம் பூசினதா பார், காந்தம் ஒட்டினால் வைத்துவிடு.

நீடாமங்கலம் பக்கம் போனால் ரயில்வே கேட் மூடியிருந்தாலும் இருக்கும். திட்டாதே, இறங்கிப் பால்திரட்டு வாங்கு. பாலைச் சுண்டச் சுண்டக் காய்ச்சினது. அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். நாகூர் உங்கள் கணக்கில் இல்லை, இருந்தால் சாயங்காலம் தர்கா பக்கம் இறால் பதித்த 'வாடா' என்கிற வடை. மாயவரத்தில் காளியாக்குடி ஓட்டல். மயிலாடுதுறை என்று 1982இலேயே மாற்றினார்கள், பஸ்ஸில் இன்னும் மாயவரம்தான். மூன்று நாளில் எல்லாம் ஆகாது. ரூமில் படுத்துக்கிடக்காதீர்கள்.

வெற்றிலை ஒரு கவுளி வாங்கிக் கொடு, 100 இலை. ராஜகிரி, பண்டாரவாடை பக்கத்துக் கொழுந்து. 2025இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள், நமக்கு முன்னாடியே தெரியும். ஈரத்துணியில் சுற்றினால் பூனா வரை போகும், பிளாஸ்டிக் கவரில் போட்டால் ஒரே ராத்திரியில் அழுகிவிடும்.

மூன்று தாள் ஆகிவிட்டது. எங்கே சாப்பிடலாம் என்றுதான் கேட்டாய்.

உன் கல்யாணத்தில் நான் கை நனைக்காமல் வந்தேன். வயிறு சரியில்லை என்று சொன்னேன். வயிற்றுக்கு ஒன்றும் இல்லை. அந்தப் பெண் பட்டுப்புடவையோடு தட்டை ஏந்திக்கொண்டு என் எதிரில் நின்றது. நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரயிலில் சோலாப்பூர் வந்ததும் இறங்கிப் போய் இரண்டு வடாபாவ் வாங்கித் தின்றேன், பொரித்த பச்சை மிளகாயோடு. அம்மாவுக்கும் ஒன்று கொடுத்தேன், வாங்கவில்லை. அதற்கப்புறம் குண்டக்கல் வரைக்கும் என்னோடு பேசவில்லை. யார் யார் எங்கே என்ன தின்றார்கள் என்று ஊர் முழுக்கக் கணக்கு வைத்திருந்தவன் நான். தப்பு என்னுடையது. உன்னிடம் சொல்ல வேண்டும் என்று இரண்டு வருஷமாக ஃபோனை எடுப்பேன், 'அங்கே மழையா' என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுவேன்.

திங்கட்கிழமை பதினெட்டாம் பெருக்கு. பகவத் படித்துறையில் கூட்டம் அதிகம், ஏழு மணிக்கு முன்னால் போனால் படியில் இடம் கிடைக்கும். பாசி வழுக்கும், செருப்பை மேலேயே விடு. அம்மா மருமகளுக்கு மஞ்சள் கயிறும் காதோலை கருகமணியும் வாங்கி பீரோவில் வைத்திருக்கிறாள். சித்ரான்னம் வழக்கம்போல எலுமிச்சை, தேங்காய், புளி, சர்க்கரைப் பொங்கல், தயிர். ஐந்தையும் இரண்டே பேருக்கு எப்படிச் செய்வது என்று போன வருஷம் இரண்டோடு நிறுத்திக்கொண்டாள்.

மாடி ஃபேனுக்கு இரண்டு பேரிங்கும் மாற்றியாயிற்று. இப்போது சத்தம் இல்லை.

பால்காரர் அன்றன்றைக்குக் கேட்டால் கொடுக்க மாட்டார், கறவைக்கு முன்னாலேயே சொல்ல வேண்டும். நமக்கு அரை லிட்டர்தான். சனிக்கிழமையிலிருந்து ஒன்றரை லிட்டராகச் சொல்லிவைக்கட்டுமா என்று மட்டும் எழுது. வாட்ஸப் போதும், அம்மா படித்துக் காட்டுவாள்.

இப்படிக்கு,
அப்பா