தனியாக இறங்காதே

அன்புள்ள பாப்பா,

ராத்திரி இரண்டு மணிக்குத் தரைக்கடியில் ஏதோ பிராண்டுகிறது என்று ஒரு வரி அனுப்பினாய். அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை. இரண்டு மணிக்கு நீ ஏன் விழித்திருந்தாய் என்று நான் கேட்கப்போவதில்லை. சத்தத்தைப் பற்றியே எழுதுகிறேன்.

ராத்திரியில் பிராண்டலும் குடுகுடு ஓட்டமும் என்றால் அநேகமாக எலிதான். கரையான் அப்படித் தன்னைக் காட்டிக்கொடுக்காது. எனக்கு எலியைவிட அதன்மேல்தான் பயம். வீட்டுத் தரைக்கும் மண்ணுக்கும் நடுவே ஆள் தவழ்ந்து போகிற அந்த இடைவெளிக்குள் இறங்குகிற அன்றைக்கு இரண்டையும் பார்த்துவிட வேண்டும்.

தனியாக மட்டும் இறங்காதே. தரையடிக் கதவுக்கு வெளியே ஒருவர் நிற்க வேண்டும், உன் குரல் கேட்கிற தூரத்தில். மாப்பிள்ளை நிற்கட்டும். உள்ளே தண்ணீர் தேங்கியிருந்தால் யாருமே இறங்கக் கூடாது, எலி கடித்த ஒயர் அதில் கிடக்கலாம். முழுக்கைச் சட்டை, ரப்பர் கையுறை, கண்ணை மூடும் பாதுகாப்புக் கண்ணாடி, நுண்தூசியை வடிகட்டும் என்95 முகமூடி, தலையில் மாட்டும் விளக்கு எல்லாம் வேண்டும். துணியை மூக்கில் கட்டிக்கொண்டு போவது போதாது.

எலிப்புழுக்கையைக் கண்டதும் துடைப்பத்தை எடுப்பாய், உன் சுபாவம் எனக்குத் தெரியும். எடுக்காதே. வாக்குவம் கிளீனரும் வேண்டாம். காய்ந்த புழுக்கையும் மூத்திரமும் தூசியோடு கிளம்பினால் எலி பரப்பும் ஹன்டா வைரஸ் என்கிற கிருமி நுரையீரலுக்குப் போகக்கூடும். கதவையும் காற்றுத் துவாரங்களையும் திறந்துவிட்டு அரை மணி நேரம் அந்தப் பக்கமே போகாதே. ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர், அன்றன்றைக்குக் கலந்தது. நன்றாக நனையும்படி தெளித்து ஐந்து நிமிடம் ஊறவிட்டு, காகிதத் துண்டால் வழித்து ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு பையில் கட்டிப் போடு. பிளீச்சோடு அமோனியா கலந்த எதையும் சேர்த்துவிடாதே. குளிர் தடுக்கத் தரைக்கடியில் செருகியிருக்கிற கண்ணாடி நார்ப் பஞ்சில் மூத்திரம் ஊறியிருந்தால் அதைக் காயவைத்துத் திரும்பப் பயன்படுத்த முடியாது, நனைத்துக் கழற்றி எறிய வேண்டியதுதான்.

அடுத்தது ஓட்டை. 6 மில்லிமீட்டர் இடைவெளியில் சுண்டெலி புகுந்துவிடும், 12 இருந்தால் பெரிய எலி. ஒரு பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டை வெளியே சுற்றி வா. பென்சில் நுழைகிற இடமெல்லாம் வாசல்தான். குழாயும் ஒயரும் சுவரைத் துளைக்கிற இடம், காற்றுத் துவாரத்தின் மூலை, தரையடிக் கதவின் கீழ் விளிம்பு. அழுக்குப் பிசுக்கு கறுப்பாகப் படிந்திருந்தால் அது அன்றாடம் போகிற வழி. சந்தேகமான ஓட்டையில் செய்தித்தாளைக் கசக்கி லேசாகச் செருகிவை, மறுநாள் வெளியே தள்ளியிருந்தால் ஆள் இருக்கிறது.

அடைக்கிற வரிசையில்தான் பலரும் தவறுகிறார்கள். முதலில் மேலே பார்க்க வேண்டும். தரையைத் துளைத்துச் சமையலறைக்கும் குளியலறைக்கும் ஏறுகிற குழாய்களைச் சுற்றி அடை. இல்லையென்றால் வெளிவழி மூடிய ராத்திரியே உள்ளே மாட்டியது உன் வீட்டுக்குள் ஏறிவரும். பிறகு வெளிப்பக்கத்தை அடைத்து, அன்றைக்கே உள்ளே பொறி வை. எலியைவிடப் பெரிய பிராணி என்று தெரிந்தால் மட்டும் நிறுத்து, குட்டி இருக்கிறதா என்று பார்க்காமல் எந்த வழியையும் மூடாதே.

டப்பாவில் வரும் அடைப்பு நுரையை மட்டும் பீய்ச்சி அடைப்பது வீண், எலி அதைக் கடித்துத் துப்பிவிடும். செப்புக் கம்பிப் பஞ்சை இறுக்கித் திணித்து மேலே இடுக்கை அடைக்கும் பசையான சீலன்ட் பூசு. சாதா இரும்புப் பஞ்சு ஈரத்தில் துருப்பிடித்து உதிரும். துவாரங்களுக்கு 6 மில்லிமீட்டருக்கும் சிறிய கண் உள்ள கால்வனைஸ் கம்பி வலையை வாஷர் போட்டுத் திருகு. மெல்லிய கொசுவலை எலிக்கு ஒரு கடி.

பொறி ஒன்றிரண்டு போதாது. சுவரோரமாக இரண்டு மூன்று மீட்டருக்கு ஒன்று, இரை வைக்கும் பக்கம் சுவரைத் தொடுகிற மாதிரி. இரை பட்டாணி அளவு போதும், அதிகம் வைத்தால் பொறி விழாமலே நக்கிவிட்டுப் போகும். பெரிய எலி புதுப் பொருளைக் கண்டால் ஒதுங்கும், சில நாள் பொறியை ஏற்றாமல் இரையை மட்டும் வைத்துப் பழக்கு. தினமும் பார்க்க வேண்டும். தினமும் என்றால் தினமும் ஒருவர் வெளியே நிற்க வேண்டும். அவருக்கு வேலை இருந்தால் பக்கத்து வீட்டில் யாரையாவது கூப்பிடு.

விஷம் வைக்கச் சொல் என்கிறார் உன் அப்பா. அவர் பேச்சைக் கேட்காதே. விஷம் தின்றது கை எட்டாத மூலையில் செத்து நாறும். அதைத் தின்கிற பூனைக்கும் ஆந்தைக்கும் கேடு. பூச்சிமருந்துப் புகைக் குண்டும் வேண்டாம். அதன் வாயு கேஸ் வாட்டர் ஹீட்டர் தீயில் பற்றிக்கொள்ளலாம், பூச்சி ஒளிந்திருக்கிற பிளவுக்குள் மருந்தும் போய்ச்சேராது.

இனி கரையான். அஸ்திவாரச் சுவரிலும் தூண்களிலும் குழாய்களிலும் பென்சில் கனத்தில் மண் கோடு ஏறியிருக்கிறதா பார். இருந்தால் ஒரு கோட்டில் நடுவில் ஓர் அங்குலம் மட்டும் உடை. சில நாளில் அதைத் திரும்பப் பூசியிருந்தால் கரையான் உயிரோடு இருக்கிறது. பூசாவிட்டாலும் போய்விட்டது என்று அர்த்தமில்லை, வேறு வழி போட்டிருக்கலாம். தரை தாங்கும் மரச்சட்டங்களை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார், உள்ளே அமுங்கினால் கெட்டுவிட்டது. கோடுகளை எல்லாம் சுரண்டி எடுத்துவிடாதே, மருந்து அடிக்க வருபவர் பார்க்க வேண்டும். கூடு மண்ணுக்குள் இருக்கும்போது கோட்டின் மேல் ஸ்ப்ரே அடிப்பது வெறும் சமாதானம். அந்த வேலையை உரிமம் உள்ளவரிடம் விடு.

இத்தனைக்கும் காரணம் ஈரம். வீடு வாங்கும்போது பத்திரத்தை வரிக்கு வரி படித்தவள் நீ, எனக்கு அதில் எவ்வளவு பெருமை தெரியுமா. ஆனால் அந்தச் சின்னக் கதவைத் திறந்து குனிந்து பார்க்க உங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. கூரைத் தண்ணீர் சுவரோரம் விழாமல் இரண்டு மீட்டர் தள்ளி விழட்டும். வெளிமண் சுவரிலிருந்து வெளிப்பக்கமாக 3 மீட்டருக்கு 15 சென்டிமீட்டராவது சரிந்திருக்க வேண்டும். உள்ளே மண் முழுக்க 0.15 மில்லிமீட்டர் பாலித்தீன் விரி, ஒன்றின்மேல் ஒன்று 30 சென்டிமீட்டர் ஏறி, இணைப்பில் டேப் ஒட்டி. சுவரில் கொஞ்சம் ஏற்றலாம், மேல் விளிம்புவரை மூடாதே, மண் கோடு தெரியாமல் போகும். மரத்துண்டு, அட்டைப்பெட்டி ஒன்றும் அங்கே கிடக்கக் கூடாது. ஈரமானி ஒன்று வைத்து உள்ளே காற்றின் ஈரம் 60 சதவீதத்துக்குக் கீழே இருக்கிறதா என்று பார்த்துக்கொள். மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும்.

மாப்பிள்ளை ஊரில் இல்லையென்றால் இல்லை என்று எழுது. நான் ஒன்றும் கேட்கமாட்டேன், வந்து கதவடியில் நிற்கிறேன். அதுவரை இறங்காதே. மண் கோடு கதவருகிலிருந்தே தெரிந்தால் பக்கத்தில் ஒரு பேனாவை வைத்துப் படம் எடுத்து அனுப்பு, அளவு தெரிய வேண்டும்.

அம்மா