குண்டுவீச்சு விமானங்களை எண்ணினால் டேங்கர்களையும் எண்ணுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்கா, ரஷ்யா, சீனாவிடம் இருக்கும் பெரிய குண்டுவீச்சு விமானம் நம்மிடம் ஏன் இல்லை என்ற கேள்வி, தேஜஸ் போர் விமானச் சத்தத்துக்குப் பழகிப்போன சூலூர், பல்லடம் பக்கம் அடிக்கடி காதில் விழுகிறது. செய்தித்தாள்கள் போடும் ஒப்பீட்டுப் படங்களில் விமான எண்ணிக்கை மட்டும் இருப்பதும் இதற்கு ஒரு காரணம். அந்த எண்ணிக்கையை வைத்து அணு ஆயுத பலத்தை அளக்க முடியாது.

ஏவுகணையை ஏவிவிட்டால் திரும்ப அழைக்க முடியாது. விமானத்தைப் பாதி வழியில் திருப்பலாம். எதிரியின் கண்ணில் படும்படி ஒரு தளத்துக்கு நகர்த்தியே எச்சரிக்கை விடலாம். பதிலடிக்குப் பயந்து எதிரி தாக்காமல் இருக்கச் செய்யும் அணு ஆயுதத் தடுப்பு உத்தியில் குண்டுவீச்சு விமானத்துக்கு இடம் கிடைத்ததே இந்த இரண்டு குணங்களால்தான். அமெரிக்காவின் பி-52எச் குண்டுவீச்சு விமானம் கடைசியாகத் தயாரான ஆண்டு 1962. இன்றும் அது பயன்படுகிறது என்றால், இலக்கின் தலைக்கு மேல் போக வேண்டிய அவசியம் இல்லாததால்தான். இறக்கைகளுக்கு அடியில் 12, வயிற்றுக்குள் சுழலும் ஏவுதளத்தில் 8 என மொத்தம் 20 குரூஸ் ஏவுகணைகளைச் சுமந்து சென்று, 2,400 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தே விடும்.

ஆனால் அதற்கு ஆகும் எரிபொருளைப் பாருங்கள். ஒரு பி-52எச் நிறைய ஏறக்குறைய 1,41,600 கிலோ பிடிக்கும். இருகூரில் வரிசை கட்டி நிற்கும் லாரிகளில் 20 ஆயிரம் லிட்டர் வண்டி ஒன்பது வேண்டும், ஒரே விமானத்துக்கு! நெடுநேரம் வானில் நிறுத்தி வைக்க, பறக்கும்போதே எரிபொருள் நிரப்பும் டேங்கர் விமானமும் கூடவே பறக்க வேண்டும். 1966 ஜனவரி 17 அன்று ஸ்பெயினின் பாலோமரெஸ் மேலே பி-52 ஒன்று எரிபொருள் நிரப்பும்போதே டேங்கரோடு மோதியது. நான்கு ஹைட்ரஜன் குண்டுகள் விழுந்தன. இரண்டில் சாதாரண வெடிமருந்து வெடித்து புளூட்டோனியம் வயல்களில் சிதறியது. ஒன்று கடலில் கிடந்து ஏப்ரலில்தான் கிடைத்தது. 1968இல் கிரீன்லாந்தின் தூலே அருகே இன்னொன்று நொறுங்கிய பிறகே, அணுகுண்டோடு வானில் காத்திருக்கும் வழக்கம் நின்றது.

தரையிலும் நிம்மதி இல்லை. 2007 ஆகஸ்டில் அமெரிக்காவின் மைனாட் விமானத் தளத்தில், பி-52 இறக்கைக்கு அடியில் மாட்டும் ஏவுகணைத் தாங்கிகளில் தவறான ஒன்றை எடுத்து மாட்டிவிட்டார்கள். ஏவுகணையின் சிறு ஜன்னல் வழியாக உள்ளே பார்த்து உறுதி செய்ய வேண்டியவர், டம்மி இருந்த பக்கத்தை மட்டும் பார்த்தார். மறுபக்கம் இருந்த ஆறு ஏவுகணைகளும் நிஜ அணு ஆயுதத்தோடு பார்க்ஸ்டேல் தளம் வரை பறந்தன. சுமார் 36 மணி நேரம் யாருக்கும் தெரியவில்லை. சரிபார்ப்புப் பட்டியலில் ஒரு வரியைத் தாண்டினால் இதுதான் நடக்கும்.

2025 ஜூன் 1 அன்று உக்ரைன், லாரிகளில் மறைத்துக் கொண்டுபோன சிறு ட்ரோன்களால் ரஷ்யத் தளங்களில் நின்ற டியூ-95 குண்டுவீச்சு விமானங்களை எரித்தது. தேஜஸின் இறக்கை அகலம் 8.2 மீட்டர். கான்கிரீட் கூடாரத்துக்குள் நுழைத்துவிடலாம். டியூ-95க்கு 50 மீட்டர், வெட்டவெளியில்தான் நிற்கிறது. அதன் தயாரிப்பும் எப்போதோ நின்றுவிட்டது, எரிந்தது எரிந்ததுதான்.

முதலில் அணு ஆயுதத்தைப் பயன்படுத்த மாட்டோம் என்பது 2003இல் இந்தியா அறிவித்த கொள்கை. அப்படியானால் முதல் அடியைத் தாங்கிய பிறகும் மிஞ்சி நிற்பதே நமக்கு வேண்டியது. அணு ஏவுகணைகளோடு கடலுக்கடியில் ஒளிந்திருக்கும் அரிஹந்த் போன்ற நீர்மூழ்கிக் கப்பல் அதற்குப் பொருந்தும். தரையில் நிற்கும் பிரம்மாண்ட விமானம் பொருந்தாது. நம்மிடம் சொந்தமாக இருப்பவை ஆக்ராவில் உள்ள ஆறு இல்யூஷின்-78 டேங்கர்கள் மட்டுமே. மிராஜும் ரஃபேலும் சுகோயும் இந்த ஆறையே நம்பியிருக்கின்றன. குண்டுவீச்சு விமானம் வாங்கப் பணம் இருந்தால், அது முதலில் டேங்கருக்கும் கான்கிரீட் கூடாரத்துக்கும் போக வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

அடுத்த முறை நாடுகளின் விமான பலத்தை ஒப்பிட்டுப் படம் போடும்போது, டேங்கர் எண்ணிக்கைக்கும் ஒரு கட்டம் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமானப் பராமரிப்பாளர்கள்,
சூலூர், கோவை மாவட்டம்.