பொங்கலன்று நீ பாதியில் விட்ட கேள்வி

அன்புள்ள செல்விக்கு,

நாங்கள் நலம். அம்மாவின் முழங்கால் அப்படியேதான். நீ அனுப்பிய ஸ்வெட்டர் வந்தது. ஒரு சைஸ் பெரிது, ஆனாலும் போட்டுக்கொள்கிறேன்.

தமிழில் எழுதுகிறேனே என்று சலித்துக்கொள்ளாதே. ஆங்கிலத்தில் எழுதினால் ஆபீஸ் மெமோ மாதிரி கண்ணை ஓட்டிவிட்டு வைத்துவிடுவாய். தமிழ் என்றால் எழுத்துக் கூட்டியாவது முழுசாகப் படிப்பாய். படித்ததும் இதைப் போட்டோ எடுத்து யாருக்கும் அனுப்பாதே, அண்ணனுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பொங்கலன்று போனில், அமெரிக்க அரசு ஏஜென்சிகளுக்குள் முறைகேட்டை விசாரிக்கிற இன்ஸ்பெக்டர் ஜெனரல் ஆபீஸைப் பற்றி ஒன்று கேட்டாய். "ஐ.ஜி. ஆபீஸுக்கு எழுதினா, எழுதினது யாருன்னு வெளியே தெரியுமாப்பா?" நான் வாயைத் திறப்பதற்குள் அம்மாவிடம் பருப்புப் பொடி தீர்ந்துவிட்டது என்று பேச்சை மாற்றினாய். அதற்கப்புறம் ஆறு வாரமாக "பிஸிப்பா" மட்டும்தான். ஏன் கேட்டாய் என்று நான் கேட்கப் போவதில்லை. கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். பொதுவாக, யாருக்கும் பொருந்துகிற மாதிரி.

சட்டப்படி சொல்லக் கூடாது. 1978-ல் வந்த இன்ஸ்பெக்டர் ஜெனரல் சட்டம், புகார் கொடுத்த ஊழியரின் அடையாளத்தை அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடக் கூடாது என்கிறது. விசாரணையின்போது வெளியிடுவது தவிர்க்க முடியாதது என்று இன்ஸ்பெக்டர் ஜெனரலே தீர்மானித்தால் தவிர. அந்தத் 'தவிர'வைத்தான் எல்லாரும் தாண்டிப் படிக்கிறார்கள். அது போகட்டும். மூன்று பேர் கண்ணில் மட்டும் படுகிற ஒரு இன்வாய்ஸைப் பற்றிப் புகார் போனால், பெயரை யாரும் சொல்லவே வேண்டாம். மிச்ச இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு மூன்றாவது நாற்காலியைப் பார்ப்பார்கள்.

ஹாட்லைன் படிவத்தில் மூன்று கட்டம் இருக்கும்: பெயரோடு, ரகசியமாக, பெயரில்லாமல். பெயரில்லாமல் எழுதுவதுதான் பத்திரம் என்று புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். அதில் இரண்டு கெடுதல். ஒன்று, விசாரிக்கிறவருக்குச் சந்தேகம் வந்தால் திருப்பிக் கேட்க வழியில்லை. கோப்பு அங்கேயே படுத்துவிடும். இன்னொன்று யாரும் சொல்லித் தருவதில்லை. நாளைக்கே பழிவாங்கினால், 'நான் புகார் கொடுத்தது மேலதிகாரிக்குத் தெரியும், தெரிந்த கொஞ்ச நாளிலேயே கை வைத்தார்' என்று காட்டினால்தான் வழக்கு நிற்கும். அந்த இரண்டையும் காட்டிவிட்டால், புகார் இல்லாமலிருந்தாலும் இதையேதான் செய்திருப்போம் என்று தெளிவான, நம்ப வைக்கிற சான்று கொடுக்க வேண்டியது ஏஜென்சியின் பாடு. ஒளிந்தே இருந்தவளுக்கு அந்த முதல் படியே வழுக்கும். ஆகவே 'ரகசியமாக' என்ற கட்டம். புகார் எண்ணைக் கையால் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு எழுத்துகூடத் தட்டக் கூடாது. தினமும் லாக்-இன் பண்ணும்போது ஒரு அறிவிப்பு வந்து 'ஓகே' கேட்கிறதே, அதை என்றைக்காவது படித்தாயா? இங்கே உனக்கு அந்தரங்கம் எதுவும் இல்லை என்றுதான் அதில் எழுதியிருக்கிறது.

உன் ஆறு வருஷ அரசு வேலையில் எனக்கு எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரியும். ஐ.ஜி. ஆபீஸில் வேலை பார்த்ததால், ஊரில் உன் சித்தப்பாவுக்கு இன்றைக்கும் நான் போலீஸ் ஐ.ஜி.யாக இருந்து ரிடையர் ஆனவன்; நீ என்ன பண்ணுகிறாய் என்று கேட்டால் "அதைவிடப் பெரிய வேலை" என்கிறேன். ஆனால் அப்பனிடம் ஒரு வார்த்தை முழுசாகப் பேச முடியாத அளவுக்கு என்ன பெரிய வேலை?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எழுதுவது இருக்கட்டும், எழுதினால் படிக்க நாற்காலியில் யார் இருக்கிறார்கள் என்று பார். 2025 ஜனவரி 24, வெள்ளிக்கிழமை இரவு, 17 பேர் அளவில் இன்ஸ்பெக்டர் ஜெனரல்களை ஒரு மின்னஞ்சலில் வீட்டுக்கு அனுப்பினார்கள். சட்டம் என்ன சொல்கிறது? 30 நாள் முன்னதாக அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்குத் தெரிவிக்க வேண்டும். 2022-ல் அதை இன்னும் இறுக்கி, விவரமான காரணத்தையும் ஆளுக்கு ஆள் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். இரண்டும் நடக்கவில்லை. அந்த செப்டம்பரில் வாஷிங்டனில் நீதிபதி ஆனா ரேயஸ், நீக்கியது சட்டத்தை மீறியதுதான் என்றார். வேலையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கொடுத்தாலும் 30 நாள் நோட்டீஸோடு மறுபடி முறைப்படி நீக்கிவிடுவார்களே என்பது அவர் கணக்கு. தப்புத்தான், ஆனால் பரிகாரம் இல்லை என்கிற தீர்ப்பு. அதே வருஷம் பிப்ரவரியில், வெளிநாட்டு உதவி ஏஜென்சியான யு.எஸ்.எய்டின் இன்ஸ்பெக்டர் ஜெனரல் பால் மார்ட்டின், 48.9 கோடி டாலர் உணவு துறைமுகத்திலும் கிடங்கிலும் கெட்டுப்போகும் அபாயத்தில் இருக்கிறது என்று அறிக்கை வெளியிட்டார். மறுநாள் அவர் வேலை போயிற்று.

பழிவாங்கல் புகாரைக் கேட்கிற இடம் ஸ்பெஷல் கவுன்சல் ஆபீஸ். டி.வி.யில் வருகிற ஸ்பெஷல் கவுன்சல் வேறு, இது வேறு, பெயர்தான் ஒன்று. அதன் தலைவர் ஹாம்ப்டன் டெல்லிங்கரையும் அதே பிப்ரவரியில் நீக்கினார்கள். கோர்ட்டுக்குப் போனார், கொஞ்ச நாள் திரும்பி வந்தார், மார்ச்சில் அப்பீல் கோர்ட் கைவிட்டதும் வழக்கை விட்டுவிட்டார். மேலே, அரசு ஊழியர் அப்பீலைக் கேட்கிற மெரிட் சிஸ்டம்ஸ் போர்டு. மூன்றே நாற்காலி. 2017 ஜனவரி முதல் 2022 மார்ச் வரை கோரம், அதாவது முடிவெடுக்கத் தேவையான உறுப்பினர் எண்ணிக்கை, இல்லாமல் கிடந்து, 3,000-க்கும் மேல் கேஸ் தேங்கியதை நான் கண்ணால் பார்த்தவன்.

இதையெல்லாம் சொல்வது பயமுறுத்த இல்லை. நாற்காலியில் யார் இருந்தாலும், இல்லாவிட்டாலும், தேதி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். வேலையை விட்டு நீக்கினால் போர்டுக்கு அப்பீல் 30 நாளுக்குள். ஸ்பெஷல் கவுன்சலிடம் போனால் 120 நாளில் அவர்கள் எதுவும் செய்யாவிட்டால் நீயே போர்டுக்குப் போகலாம்; கோப்பை மூடிவிட்டோம் என்று கடிதம் வந்தால், அந்தக் கடிதத் தேதியிலிருந்து 65 நாள். 66-வது நாள் போனால் உன் பக்கம் நியாயம் இருக்கிறதா என்று யாரும் பார்க்கவே மாட்டார்கள். இதைவிடப் பெரிய பொறி ஒன்று உண்டு. போர்டு, ஸ்பெஷல் கவுன்சல், யூனியன் வழியாகப் போகிற கிரீவன்ஸ் முறையீடு என்று மூன்று வாசல். எதில் முதலில் காலை வைக்கிறாயோ அதுதான் உன் வாசல், மற்றது அடைத்துவிடும். ஆத்திரத்தில் அன்றைக்கே யூனியன் படிவத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் பிறகு வக்கீலிடம் போய் அழுதிருக்கிறார்கள். இப்போது உங்கள் ஆபீஸில் யூனியன் ஒப்பந்தம் உயிரோடு இருக்கிறதா என்பதையே பார்க்க வேண்டும். 2025 மார்ச் 27 ஜனாதிபதி உத்தரவில் எத்தனையோ ஏஜென்சிகளை யூனியன் ஒப்பந்த உரிமையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

வக்கீல் என்றேன். எதையும் எழுதுவதற்கு முன்னால் அரசு ஊழியர் வழக்கு மட்டும் பார்க்கிற வக்கீல் ஒருவரிடம் ஒரு மணி நேரம். ஃபீஸை நான் கொடுக்கிறேன். சண்டை வேண்டாம்.

நோட்டைப் பற்றிச் சொல்கிறேன். தைத்த நோட்டு, கம்பிச் சுருள் போட்டது கூடாது. பக்கம் கிழித்தால் தெரிய வேண்டும். பேனாவால் எழுது. தேதி, மணி, அறையில் யார் யார், அவர் சொன்ன வார்த்தை அப்படியே. "கோபமாகப் பேசினார்" என்று எழுதாதே. என்ன பேசினார் என்று எழுது. நீ கண்ணால் பார்த்தது ஒரு வரி, அடுத்தவர் சொல்லிக் கேட்டது தனி வரி, நீ ஊகித்தது இன்னொரு வரி. மூன்றும் ஒன்றாகக் கலந்தால் எதிர்தரப்பு வக்கீல் ஊகத்தைப் பிடித்து ஆட்டி மற்றதையும் கொட்டிவிடுவார். தப்பாக எழுதிவிட்டால் ஒற்றைக் கோடு போட்டு அடி, மை பூசாதே. நோட்டு வீட்டில் இருக்கட்டும்.

ஆவணத்தை எடுத்து வராதே. ஒரு தாளும் வேண்டாம், சொந்த ஜிமெயிலுக்கு ஃபார்வர்டு வேண்டவே வேண்டாம். புகாரில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால் நீ என்ன எடுத்தாய் என்றுதான் பார்ப்பார்கள்; அதைக் காரணம் காட்டியே அனுப்பிவிடுவார்கள். கோப்பு எண், வவுச்சர் எண், எந்த ஷேர்டு டிரைவில் எந்த ஃபோல்டர், இதை மட்டும் குறித்து வைத்தால் விசாரிக்கிறவர் தானே போய் எடுப்பார். உன் சொந்தப் பணிப் பதிவு வேறு விஷயம். நியமனம், பதவி மாற்றம் பதிவாகிற எஸ்.எஃப். 50 படிவம் எல்லாம், கடைசி மூன்று வருஷ மதிப்பீடு, விருதுக் கடிதம், இவற்றை இந்த வாரமே இறக்கி அச்செடுத்து வை. நீக்குகிற அன்று மத்தியானமே பாஸ்வேர்டு செத்துப்போகும்.

புகார் இரண்டு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. எந்த விதி மீறப்பட்டது, யார், எப்போது, எவ்வளவு பணம், எங்கே சான்று. ஒரு கொள்கை பிடிக்கவில்லை என்பதற்குப் பாதுகாப்பு கிடையாது. சட்ட மீறல், மிக மோசமான நிர்வாகம், பெருத்த விரயம், அதிகார துஷ்பிரயோகம், மக்கள் உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ பெரிய, குறிப்பிட்ட ஆபத்து, இந்த ஐந்தில் ஒன்றில் அது விழ வேண்டும். ஜனாதிபதி பெயரோ கட்சி பெயரோ ஒரு இடத்திலும் வரக் கூடாது. ஃபேஸ்புக்கில் நீ என்ன போடுகிறாய் என்று எனக்குத் தெரியும். டியூட்டி நேரத்தில் போடாதே. அரசு ஊழியரின் அரசியல் வேலையைக் கட்டுப்படுத்துகிற ஹாட்ச் சட்டத்தில் பிடிக்கிறவர்களும் அதே ஸ்பெஷல் கவுன்சல் ஆபீஸ்தான்.

ஃபிட்ஸ்ஜெரால்ட் கதையை எத்தனை தடவை சொன்னேன் என்று அம்மா கணக்கு வைத்திருக்கிறாள். இன்னொரு தடவை கேள். விமானப்படையில் செலவுக் கணக்குப் பார்த்தவர். 1968 நவம்பரில் காங்கிரஸ் கமிட்டி கேட்டபோது, சி-5ஏ விமானத் திட்டத்தில் செலவு 200 கோடி டாலர் வரை கூடி, கணக்கு உதைக்கிறது என்று ஒப்புக்கொண்டார். 1970 ஜனவரியில் அவர் பதவியே போயிற்று. சொன்ன காரணம், சிக்கனம். ஆள் குறைப்பாம்! 1973-ல் சிவில் சர்வீஸ் கமிஷன் அது முறையல்ல என்று திரும்ப எடுக்கச் சொன்னது. அவர் நிக்ஸன் மேலேயே நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். 1982-ல் சுப்ரீம் கோர்ட் 5-4 என்று, பதவிக் காரியத்துக்காக ஜனாதிபதி மேல் நஷ்டஈட்டு வழக்கே கிடையாது என்று சொல்லிவிட்டது. 2024 ஜூலை 1 அன்று 6-3 தீர்ப்பில் கிரிமினல் வழக்குக்கும் அந்தக் கவசத்தை நீட்டியபோது, நீதிபதிகள் கையில் எடுத்தது அந்தப் பழைய தீர்ப்பைத்தான். கணக்கு உதைக்கிறது என்று சொன்ன மனுஷன் நியாயம் கேட்டுப் போனான். அவன் பெயரிலேயே அந்தப் பூட்டு.

மெக்லீன் கதை வேறு மாதிரி. ஏர் மார்ஷல், அதாவது பயணிகள் விமானத்தில் காவலுக்குப் போகிறவர். 2003-ல் செலவு மிச்சம் பிடிக்க நீண்ட தூர விமானங்களில் காவலை எடுக்கப் போகிறார்கள் என்று நிருபரிடம் சொன்னார். 2006-ல் நீக்கினார்கள். 2015-ல் சுப்ரீம் கோர்ட்டில் 7-2, ஜெயித்தார். ஜெயித்தார் என்று எழுதுவது சுலபம். நடுவில் ஒன்பது வருஷம் இருக்கிறது. உன் வீட்டு லோன் இன்னும் எத்தனை வருஷம்?

எழுதாதே என்று சொல்கிறேனா, எழுது என்று சொல்கிறேனா? மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். எனக்கே தெரியவில்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கும் தெரியாது. நான் ரிடையர் ஆவதற்குப் பதினாலு மாதம் முன்னால் ஒரு புகார் என் மேஜைக்கு வந்தது. பெயர் இல்லை, எழுதிய விதத்திலேயே யாரென்று புரிந்தது. நாலு பக்கம், வவுச்சர் எண்ணோடு. 'போதிய விவரம் இல்லை' என்று எழுதி மூடினேன். விவரம் போதுமானதாகவே இருந்தது. மேலே இருந்தவர் வாயால் எதுவும் சொல்லவில்லை, அந்தப் பக்கத்தைப் புரட்டும்போது மூக்கைச் சுளித்தார், அவ்வளவுதான். அந்த வருஷம் உன் காலேஜ் ஃபீஸ் இருந்தது என்று ஒரு வரி எழுதினேன், அடித்துவிட்டேன், மேலே கோடு தெரியும். ஃபீஸ் மேல் பழி போடக் கூடாது. பயந்தேன். திரும்பத் திறக்க ஒரு மெமோ போதும். பதினாலு மாதமும் அந்த மெமோவை நான் போடவில்லை. எழுதியவள் அடுத்த வருஷம் அங்கே இல்லை. நீ அஞ்சாம் வகுப்பில் 'எங்கப்பா தப்பு பண்றவங்களைப் பிடிக்கிறார்' என்று எழுதினாயே, அம்மா டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறாள். அவள் எடுக்கும்போதெல்லாம் நான் எழுந்து போவது அதனால்தான்.

ஞாயிற்றுக்கிழமை உன் நேரம் எட்டு மணிக்குக் கூப்பிடு. சொந்தப் போனிலிருந்து. ஆபீஸ் போன் வேண்டாம். நீ பேசாவிட்டாலும் பரவாயில்லை, அம்மாவிடம் பேசு, நான் பக்கத்தில் இருப்பேன்.

பார்சல் புதன்கிழமைக்குள் வரும். பருப்புப் பொடி இரண்டு பாக்கெட், கறிவேப்பிலைப் பொடி ஒன்று. பொடிக்கு அடியில் கறுப்பு வெள்ளைப் புள்ளி அட்டை போட்ட நோட்டு ஒன்று இருக்கும், தைத்தது. பக்க எண் நானே போட்டுவிட்டேன், 1 முதல் 200 வரை.

அன்புடன்,
அப்பா