பொங்கல் விடுமுறைக்கு முன் பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது, மதிப்பெண் அட்டையிலும் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டீர்கள். குறுவட்ட விளையாட்டுப் போட்டியில் நம் பிள்ளைகள் கோப்பையோடு வந்தார்கள், ஓவியத்திலும் பேச்சுப் போட்டியிலும் பரிசு உண்டு, அறிவியல் கண்காட்சி சிறப்பாக நடந்தது, நூலகத்துக்குப் புதுப் புத்தகங்கள் வந்திருக்கின்றன. எல்லோருக்கும் பாராட்டுகள். ஆண்டு விழா பற்றித் தனியாக எழுதுகிறேன்.

இப்போது நான் எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன்: பிள்ளைகளின் மூக்கு ஒவ்வாமை (அலர்ஜி), அது படிப்பைப் பாதிப்பது, அதற்கு நாம் கொடுக்கும் மருந்து.

நம் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு படிக்கும் ஒரு பையன். அவன் அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன், பெயர் வேண்டாம். காலாண்டு அட்டையில் அவனுக்கு "கவனம் போதாது, வகுப்பில் கனவு காண்கிறான்" என்று எழுதியிருந்தோம், அதன் கீழே என் கையெழுத்தும் இருக்கிறது. அக்டோபரில் ஒருநாள் அந்த வகுப்புக்கு நானே கணக்கு எடுக்கப் போனேன். மூன்றாவது பெஞ்சு, ஜன்னல் ஓரம். நாற்பது நிமிடத்தில் உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்த்துக்கொண்டே இருந்தான், எண்ணிக்கொண்டு வந்தேன், இருபதுக்கு மேல் போனதும் விட்டுவிட்டேன். கிட்டே போய்ப் பார்த்தால் மூக்கின் நடுவில் குறுக்காக ஒரு கோடு, தேய்த்துத் தேய்த்து விழுந்தது. கண்ணுக்குக் கீழே கருப்பு. வாய் திறந்தே இருந்தது. பின்னால் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டேன், திரும்பவில்லை. முன்னால் வந்து கூப்பிட்டதும் "என்ன மிஸ்?" என்றான்.

அவன் அம்மாவை வரச் சொன்னேன். ராத்திரி குறட்டை விடுகிறானா என்று கேட்டதும் அவர் கண் கலங்கிவிட்டது. "பெரியவங்க மாதிரி குறட்டை விடுறான் மிஸ், புரண்டுகிட்டே இருப்பான், காலைல எழுப்பவே முடியாது, சளி உடம்புன்னு விட்டுட்டோம்" என்றார். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டினார்கள். மூக்கில் ஒவ்வாமை, அதோடு செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்து, காதும் சரியாகக் கேட்கவில்லை என்று தெரிந்தது. அந்தப் பையன் கனவெல்லாம் காணவில்லை. அவனுக்குத் தூக்கம் போதவில்லை, நாங்கள் சொன்னதில் பாதி அவன் காதில் விழவும் இல்லை. அந்த அட்டையில் நாங்கள் எழுதியதற்காக அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

மூக்கு ஒவ்வாமை என்பது சளிக்காய்ச்சல் இல்லை. காய்ச்சல் இருக்காது, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது. காலையில் எழுந்ததும் அடுக்கடுக்காகத் தும்மல், தண்ணீர் மாதிரி ஒழுகல், மூக்கிலும் கண்ணிலும் அரிப்பு, அப்புறம் அடைப்பு, இப்படி வாரக்கணக்கில் போகும். நம் வீடுகளில் இதற்கு "சைனஸ்", "ஈஸ்னோபீலியா", "சளி உடம்பு" என்று ஏதோ ஒரு பெயர் இருக்கும், வைத்தியம் இருக்காது. மூக்கு அடைத்தால் வாயால் மூச்சு, வாயால் மூச்சு விட்டால் அரைகுறைத் தூக்கம், அரைகுறையாகத் தூங்கிய பிள்ளை காலை ஒன்பதரை மணிக்கு வகுத்தல் கணக்கில் எப்படி மனம் வைக்கும்? சில பிள்ளைகள் தூங்கி வழிவார்கள். சிலர் அதற்கு நேர்மாறாகத் துறுதுறுவென்று எழுந்து எழுந்து ஓடுவார்கள், சிடுசிடுப்பார்கள். இரண்டையும் நாம் "அடங்காத பிள்ளை" கணக்கில் எழுதிவிடுகிறோம்.

இந்த ஆண்டு மூன்று பெற்றோர் என்னிடம் வந்து "இவனுக்கு ஏ.டி.எச்.டி. இருக்குமோ" என்று கேட்டார்கள், அதாவது கவனம் நிற்காமல் துறுதுறுவென்று இருக்கும் குறைபாடு. கேட்டது நல்லதுதான், ஒளித்து வைக்கவில்லையே. உண்மையிலேயே அந்தக் குறைபாடு உள்ள பிள்ளைகள் உண்டு, மூக்கு ஒவ்வாமை உள்ள பிள்ளைகளிடம் அது கூடுதலாகக் காணப்படுகிறது என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு, ஒரே பிள்ளைக்கு இரண்டும் இருக்கலாம். ஆனால் அதை நீங்களும் நானும் முடிவு செய்ய முடியாது. பள்ளியில் மட்டும் இல்லாமல் வீட்டிலும், குறைந்தது ஆறு மாதமாவது தொடர்ந்து இருக்கிறதா என்று மருத்துவர் பார்த்துத்தான் சொல்வார். அதற்கு முன்னால் பிள்ளை ராத்திரி மூக்கால் மூச்சு விடுகிறதா, காது கேட்கிறதா என்று பார்த்துவிடுங்கள் என்பதுதான் நான் கேட்பது.

அடுத்து மருந்து. இதில்தான் எனக்குக் கொஞ்சம் கோபம் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை.

டிசம்பரில் நான்காம் வகுப்பில் ஒரு பிள்ளை மேசையில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டான். உலுக்கி எழுப்பியும் கண்ணைத் திறந்து மூடிக்கொண்டான். ஆசிரியை பயந்துபோய் என்னைக் கூப்பிட்டார். பக்கத்துப் பையன்தான் சொன்னான்: "அவனுக்கு மூக்கு ஒழுகுச்சு மிஸ், நான் என் மருந்தைக் குடுத்தேன்." சாப்பாட்டுக் கூடையில், டிபன் பாக்ஸுக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் நடுவில், ஒரு சிரப் பாட்டில். எவ்வளவு குடித்தான் என்று இருவருக்கும் தெரியவில்லை. உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போனோம், சாயங்காலம் சரியாகிவிட்டான். அந்த நான்கு மணி நேரம் நான் எப்படி இருந்தேன் என்று எழுத வேண்டியதில்லை.

மெடிக்கலில் "சளிக்கு ஒன்று கொடுங்க" என்று கேட்டு வாங்கும் பல சிரப்புகளில் குளோர்பெனிரமின் என்ற ஒவ்வாமை மருந்து இருக்கிறது. தும்மல் நிற்கும், ஆனால் அது மூளைக்குள்ளும் போய்த் தூக்கத்தைக் கொண்டுவரும். காலை ஏழு மணிக்கு அதைக் கொடுத்து அனுப்பிவிட்டு, வகுப்பில் ஏன் கவனிப்பதில்லை என்று எங்களையும் பிள்ளையையும் கேட்டால் எப்படி? இங்கிலாந்தில் 15 முதல் 17 வயது வரையுள்ள 1,834 மாணவர்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2007இல் வெளிவந்தது. மகரந்த ஒவ்வாமைத் தொல்லை இருந்தவர்கள் மாதிரித் தேர்வைவிட இறுதித் தேர்வில் ஒரு படியாவது இறங்குவது, தொல்லை இல்லாதவர்களைவிடக் கூடுதலாக இருந்தது, தூக்கம் வரவைக்கும் மருந்து சாப்பிட்டவர்களிடம் இன்னும் கூடுதல். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருப்பவர்கள் இதையும் பாருங்கள்: குளோர்பெனிரமினும், மூக்கடைப்புக்கான பினைலெப்ரினும் சேர்ந்த மருந்தை 4 வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று பாட்டிலிலேயே அச்சிடும்படி 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சொல்லியிருக்கிறது.

ஆகவே, இனிமேல் எந்தப் பிள்ளையின் பையிலும் மருந்து இருக்கக் கூடாது. மருத்துவர் சீட்டோடு நீங்களே அலுவலகத்தில் கொண்டுவந்து கொடுத்தால் மட்டும் நேரத்துக்குக் கொடுப்போம். வீசிங் உள்ள பிள்ளைகளின் இன்ஹேலர் மட்டும் விதிவிலக்கு, அது கையிலேயே இருக்கட்டும், வகுப்பாசிரியரிடம் சொல்லிவிடுங்கள். வேறு யார் வந்து கேட்டாலும் இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கோபம் அவ்வளவுதான். காலையில் அஞ்சு மணிக்கு எழுந்து சமைத்து, பேருந்து பிடித்து மில்லுக்கும் கடைக்கும் ஓடுகிற உங்களுக்கு ஒரு தும்மலுக்காக அரைநாள் சம்பளத்தை விட்டு மருத்துவமனை போவது எவ்வளவு கஷ்டம் என்று தெரியாமல் எழுதவில்லை. அரசு மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் இலவசமாகவே பார்க்கிறார்கள். தூக்கம் அவ்வளவாக வராத மாத்திரைகள் இருக்கின்றன. மூக்கில் அடிக்கும் ஸ்பிரே கொடுத்தால் தினமும் அடிக்க வேண்டும், முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகலாம், இரண்டு நாளில் "மருந்து கேட்கவில்லை" என்று நிறுத்திவிடாதீர்கள். மாறாக, அடைப்பைச் சட்டென்று திறக்கும் சொட்டு மருந்தை நாள்கணக்கில் விட்டால் அடைப்பு இன்னும் மோசமாகத் திரும்பி வரும்.

வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. தலையணை, மெத்தை, போர்வையில் கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சிகள் இருக்கும், பல பிள்ளைகளுக்கு அதுதான் ஆகாது. உறைகளையும் போர்வையையும் வாரம் ஒருமுறை நல்ல சுடுதண்ணீரில் துவையுங்கள். படுக்கிற அறையில் கொசுவர்த்திச் சுருள் வேண்டாம், வலை கட்டுங்கள். இப்போது பொங்கலுக்கு வீடு ஒழிக்கப் போகிறீர்கள், பரண் தட்டும்போதும் வெள்ளை அடிக்கும்போதும் தும்முகிற பிள்ளையைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். போகி அன்று டயர், பிளாஸ்டிக் எரிக்காதீர்கள், அந்தப் புகை தெரு முழுக்க எல்லாப் பிள்ளைகளுக்கும்தான் போகிறது.

பள்ளியிலும் மாற்றியிருக்கிறோம். வகுப்பறையைப் பிள்ளைகள் போன பிறகு ஈரத்துணி போட்டுத் துடைக்கிறோம், டஸ்டரை வெளியே கொண்டுபோய்த் தட்டுகிறோம். "கவனம் போதாது" என்று அட்டையில் எழுதும் முன் பெற்றோரிடம் பேச வேண்டும் என்று ஆசிரியர்களிடம் சொல்லியிருக்கிறேன். மைதானத்து ஓரம் மண்டிக்கிடந்த, ஒவ்வாமையைக் கிளப்பும் பார்த்தீனியக் களையைப் பூக்கும் முன்னாலேயே பிடுங்கியாயிற்று. அந்த ஞாயிற்றுக்கிழமை கையுறை மாட்டிக்கொண்டு வந்து உதவிய அப்பாக்களுக்கும், எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்த மூன்றாம் வகுப்பு அம்மாக்களுக்கும் மனமார்ந்த நன்றி. சிரப் விஷயத்தில் என்னிடம் சண்டை போடாமல் நடந்ததை நடந்தபடி சொன்ன அந்த இரண்டு வீட்டாருக்கும் நன்றி.

அந்த ஐந்தாம் வகுப்புப் பையன் இப்போது முதல் பெஞ்சில் உட்கார்கிறான். கணக்கில் பெரிய மார்க் எல்லாம் இன்னும் வரவில்லை, கூப்பிட்டால் முதல் தடவையே திரும்பிப் பார்க்கிறான்.

விடுமுறையில் ஒரு ராத்திரி பிள்ளை தூங்கும்போது பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சைக் கவனியுங்கள். குறட்டை, திறந்த வாய், மூச்சு நின்று நின்று வருவது, எது இருந்தாலும் குறித்துவைத்து மருத்துவரிடம் சொல்லுங்கள், எங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பள்ளி திறந்த முதல் வாரம் முழுக்க மாலை நாலரை முதல் ஐந்தரை வரை என் அறையில் இருப்பேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்