வீட்டுக்கு ஒரு வண்டி நிற்கிறது என்று சொன்ன தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

கிராம சபையில் நீ பேசியதற்கு அங்கேயே பதில் சொல்லியிருப்பேன். நாலு பேர் முன்னால் அக்காவும் தம்பியும் மல்லுக்கட்ட வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ஆனால் அது உன் ஒருவனுடைய பேச்சு இல்லை. சுற்றுவட்டாரத்தில் உன் வயதுப் பையன்கள் எல்லாரும் இதையேதான் சொல்கிறார்கள். அதனால் எல்லாரும் படிக்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

டவுன் பஸ்ஸின் மதிய நடையையும் எடுத்துவிடப் போகிறார்களாம் என்று பேச்சு வந்ததும் நீ எழுந்தாய். "பஸ் வராட்டி என்ன இப்ப? வீட்டுக்கு ஒரு வண்டி நிக்குதுல்ல. ரோட்டப் போடச் சொல்லுங்க, அது போதும்" என்றாய். கை தட்டினார்கள். தட்டியது யார் யார் என்று பார்த்தாயா? அத்தனை பேரும் பைக்கில் வந்து இறங்கிய ஆம்பளைகள். தினமும் அந்த பஸ்ஸில் போகிறவர்களில் பாதிப் பேர் கூட்டத்துக்கே வரவில்லை. வந்த பெண்களும் பின்னால் உட்கார்ந்து முந்தானையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் உட்பட.

வீட்டுக்கு ஒரு வண்டி நிற்கிறது, சரி. அதை ஓட்டுவது யார்? உன் வீட்டையே எடுத்துக்கொள். காலையில் நீ மில்லுக்கு எடுத்துக்கொண்டு போனால் அது ராத்திரிதான் திரும்புகிறது. சித்திக்கு முழங்கால் வலி. மாசா மாசம் மாத்திரை வாங்க நான் வேலை பார்க்கிற மருந்துக்கடைக்கு வருவார். வந்ததும் ஸ்டூலில் உட்கார்ந்து முதலில் கேட்பது மருந்தின் விலையை இல்லை, "பஸ் போயிருச்சாடி?" என்பதைத்தான். மதிய நடை போய்விட்டால் அவர் சாயங்காலம் வரை டவுனில் காத்துக் கிடக்க வேண்டும். இல்லையென்றால் ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கில் இறங்கி, வெயிலில் அந்த முழங்காலோடு நடந்து வர வேண்டும். நீ போய்க் கூட்டி வருவாய் என்று சொல்லாதே. உன்னைக் கூப்பிட்டால் வேலை கெடும் என்று நினைத்து அவர் போன் பண்ணுவதே இல்லை. இதை அவர் உன்னிடம் சொல்ல மாட்டார். அதனால் நான் சொல்கிறேன்.

இந்த ரூட்டுக்கு ஒரு கதை இருக்கிறது. நீ பார்த்தது அதன் கடைசிப் பகுதியை மட்டும்தான்.

பெரியப்பா இன்றைக்கும் இதைப் 'பாண்டியன் வண்டி' என்றுதான் சொல்வார். 1972-ல் பஸ்களை அரசுடைமை ஆக்கியபோது, மதுரைப் பக்கம் டி.வி.எஸ். ஓட்டிக்கொண்டிருந்த பஸ்களை எடுத்துத் தொடங்கியது பாண்டியன் போக்குவரத்துக் கழகம். 1997-ல் தலைவர்கள், மன்னர்கள் பெயர்களை எல்லாம் எடுத்துவிட்டு நம்முடையதையும் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்று ஆக்கினார்கள். பெயர் எதுவானால் என்ன, அரசு பஸ் என்றால் ஒரு விஷயம் உண்டு. நல்ல வசூல் வருகிற ரூட்டில் கிடைப்பதை வைத்து, வசூல் வராத ரூட்டிலும் வண்டி விட வேண்டும். நம்மைப் போன்ற வானம் பார்த்த பூமிக்கு பஸ் வந்தது அந்தக் கணக்கில்தான். லாபம் பார்த்து வந்ததில்லை.

எனக்கு நினைவு தெரிந்த காலத்தில் நம் ஊருக்கு நைட் ஹால்ட் வண்டி இருந்தது. கடைசி நடை வந்து புளியமரத்தடியில் நிற்கும். கண்டக்டர் விசில் கொடுத்து, டிரைவர் ரிவர்ஸ் எடுத்துத் திருப்பி நிறுத்துவதைப் பார்க்கவே நாங்கள் ஓடுவோம். இரண்டு பேரும் பள்ளிக்கூடத் திண்ணையில் படுப்பார்கள். யார் வீட்டிலிருந்தாவது குழம்பு போகும். விடிவதற்கு முன்னால் வண்டி கிளம்பும்போது பின் சீட்டு முழுக்க மல்லிகை மூட்டையாக இருக்கும். மொட்டு விரிவதற்குள் மதுரைப் பூச்சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும் இல்லையா? பூக்காரர்கள் லக்கேஜ் டிக்கெட் எடுத்து, டவுனில் வண்டி மாறி, சந்தையில் நேராகப் போட்டுவிட்டு, பத்து மணிக்கெல்லாம் திரும்பிவிடுவார்கள்.

ரூட்டில் முதலில் போனது அந்த நைட் ஹால்ட்தான். டிரைவர், கண்டக்டருக்குத் தங்க இடம் சரியில்லை என்றார்கள், அப்புறம் கிளையில், அதாவது பஸ் டிப்போவில், ஆள் பற்றாக்குறை என்றார்கள். விடியற்காலை வண்டி நின்றதும் வியாபாரியின் வேன் ஊருக்குள் வந்தது. வேன் வந்தது வசதிதான், ஆனால் அதற்கப்புறம் அவர் சொன்னதுதான் விலை. சந்தையில் அன்றைக்கு என்ன விலை போயிற்று என்று நேரில் பார்த்துச் சொல்ல நம் ஊர் ஆள் ஒருவரும் அங்கே இல்லை. ஒரு பஸ் நடை போனதால் ஊரின் பூ விலை போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால்தான் மதிய நடைதானே, போகட்டும் என்று யாராவது சொன்னால் எனக்குத் தாங்கவில்லை.

அடுத்து மினி பஸ். அதே 1997-ல் வந்த திட்டம்தான். பஸ்ஸே போகாத ஊர்களுக்குப் போக வேண்டும் என்பதற்காகத் தனியாருக்கு பெர்மிட் கொடுத்தார்கள். திட்டத்தில் குறை சொல்ல மாட்டேன். நம் பக்கத்துக் காலனிக்கு முதன்முதலில் வந்த வண்டி அதுதான். ஆனால் மினி பஸ் டவுன் பஸ்ஸுக்கு ஐந்து நிமிஷம் முன்னால் மெயின் ரோட்டில் வந்து இருக்கிற கூட்டத்தை அள்ளிக்கொண்டு போயிற்று. டவுன் பஸ் வசூல் படுத்தது, அதன் நடைகளும் குறைந்தன. பிறகு டீசல் விலை ஏற ஏற மினி பஸ்காரருக்கும் கட்டுப்படியாகவில்லை. காலனிக்குள் போவதை விட்டுவிட்டு மெயின் ரோட்டோடு நின்றார், கடைசியில் அதையும் விட்டார். டவுன் பஸ்ஸின் பழைய நடைகள் மட்டும் திரும்பி வரவில்லை.

கிளையில் ஒரு ரூட்டை எப்படிப் பார்க்கிறார்கள் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். கிலோமீட்டருக்கு எவ்வளவு வசூல், அவ்வளவுதான். ஒரு நாள் டிரைவர் லீவு, மாற்று ஆள் இல்லை என்றால் ஏதாவது ஒரு நடையை எடுக்கத்தான் வேண்டும். வசூல் குறைந்த நடையைத்தான் எடுப்பார்கள். பஸ் வருமா வராதா என்று தெரியாமல் எத்தனை நாள்தான் மனிதர்கள் புளியமரத்தடியில் நிற்பார்கள்? கடன் வாங்கியாவது ஒரு பைக் எடுக்கிறார்கள். அடுத்த மாதம் வசூல் இன்னும் குறைகிறது. ஆள் ஏறாததால் பஸ் நின்றது என்று அவர்கள் எழுதி வைத்திருப்பார்கள். பஸ் ஒழுங்காக வராததால் ஆள் ஏறுவது நின்றது என்பதை எழுத அந்தத் தாளில் இடமே கிடையாது.

நேரத்தையும் பார். பள்ளிக்கூடம் விடுவதற்கு இருபது நிமிஷம் முன்னால் சாயங்கால வண்டி டவுனை விட்டுக் கிளம்பிவிடுகிறது. பிள்ளைகள் ஓசி பாஸைக் கையில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவுக்குக் காசு கொடுக்கிறார்கள். பெண் பிள்ளைகளை ஷேர் ஆட்டோவில் அனுப்பப் பயந்து, பன்னிரண்டாவதோடு போதும் என்று நிறுத்திய வீடுகள் எவை என்று உனக்கே தெரியும். இருபது நிமிஷம் தள்ளி வைத்தால் அந்த நடை நிறையும். இதற்குப் புது பஸ்ஸும் வேண்டாம், புது ஆளும் வேண்டாம்.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காக பஸ் எல்லாம் நின்றதே, அப்போது நம் ரூட் செத்தே போயிற்று என்றுதான் நினைத்தேன். மற்ற ரூட்டுகள் ஓடத் தொடங்கிய பிறகும் நமக்கு ஒன்றிரண்டு நடைதான் வந்தது. அதை எழுப்பி உட்கார வைத்தது 2021 மே மாதம் வந்த மகளிர் இலவசப் பயணம்தான். டிக்கெட்டுக்குப் பயந்து மாதம் ஒரு தடவை டவுனுக்கு வந்துகொண்டிருந்தவர்கள் தினமும் வர ஆரம்பித்தார்கள். ஜவுளிக்கடை வேலைக்கு, வீட்டு வேலைக்கு, கீரைக்கட்டு விற்க என்று நம் தெருவிலிருந்து மட்டும் எத்தனை பேர் கிளம்புகிறார்கள், ஒரு நாள் காலை நின்று பார். இந்தப் பயணத்தால் பெண்களுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழு ஆய்வு செய்து சொன்னது. சம்பளமே எட்டாயிரம், ஒன்பதாயிரம் வாங்குகிற வீட்டில் அது என்ன தொகை என்று உனக்கு விளக்க வேண்டியதில்லை.

"ஓசி பஸ்ஸுல வசூலு ஏது, அதான் நிறுத்துறாங்க" என்று நீயும் உன் கூட்டாளிகளும் பேசுவது காதில் விழுகிறது. அது தப்பு, தம்பி. நாம் கொடுக்காத கட்டணத்துக்கு ஈடாக அரசாங்கம் போக்குவரத்துக் கழகத்துக்குப் பணம் கொடுக்கிறது. முதல் வருஷத்துக்கே 1,200 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். கண்டக்டர் நமக்குக் கொடுக்கிற கட்டணமில்லாத டிக்கெட்தான் நாம் பஸ்ஸில் ஏறியதற்குச் சாட்சி. கூட்ட நேரத்தில் "ஊர் ஆளுங்கதான, டிக்கெட் எதுக்கு" என்று அவரும் விட்டுவிடுகிறார், நம் பெண்களும் கேட்டு வாங்குவதில்லை. இப்போது நான் பஸ்ஸில் ஏறியதும் சத்தமாக, "அண்ணே, எல்லாருக்கும் சீட்டுக் கிழிங்க" என்று சொல்கிறேன். முதலில் சிரித்தார்கள். இப்போது பின் சீட்டுப் பாட்டிகூட டிக்கெட்டை வாங்கி சுருக்குப் பையில் வைத்துக்கொள்கிறார்.

"பஸ் போனா மினி பஸ் வரும்" என்று இன்னொன்றும் சொன்னாய். 2025 ஜூனில் தஞ்சாவூரில் தொடங்கி வைத்த புது மினி பஸ் திட்டத்தைத்தான் சொல்கிறாய் என்று நினைக்கிறேன். வரட்டும், நல்லதுதான். காலனிக்கும் தோப்புப் பக்கத்துக்கும் அது கட்டாயம் வேண்டும். ஆனால் அது தனியார் வண்டி. பெண்களுக்கு அதில் இலவசம் கிடையாது. போக வரப் பத்துப் பத்து ரூபாய் என்றால் ஒரு நாளைக்கு 20, இருபத்தைந்து நாள் வேலைக்கு மாதம் 500 ரூபாய். டவுன் பஸ்ஸோடு கூட மினி பஸ் வந்தால் ஊருக்கு லாபம். டவுன் பஸ்ஸுக்குப் பதிலாக வந்தால் அந்த 500 ரூபாய் நம் வீட்டுப் பெண்களின் முந்தானை முடிச்சிலிருந்து போகும்.

ரோடு விஷயத்தில் நீ சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். குடிதண்ணீர்க் குழாய்க்குத் தோண்டிய பள்ளத்தைச் சரியாக மூடவில்லை. கண்மாய்க் கரை வளைவில் சீமைக்கருவேலம் இரண்டு பக்கமும் ரோட்டுக்குள் சாய்ந்து கிடக்கிறது. ஜன்னலோரம் உட்கார்ந்தால் முள் முகத்தில் அடிக்கும். போன மாதம் ஒரு கிளை பட்டு பஸ்ஸின் கண்ணாடி போயிற்று. தன் சம்பளத்தில் பிடித்துவிடுவார்களோ என்று டிரைவர் அண்ணன் பயந்தார். "இப்படியே இருந்தா நான் விலக்கோட திருப்பிருவேன்மா" என்றார். அவர் மேல் தப்பில்லை. ரோட்டைப் போடச் சொல்வோம், நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் முள்ளை வெட்ட யாரிடமும் மனுக் கொடுக்க வேண்டியதில்லை. நீயும் உன் பசங்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரிவாளோடு வந்தால் மத்தியானத்துக்குள் முடிந்துவிடும்.

கிளை மேலாளரை நான் ஒரு தடவை போய்ப் பார்த்தேன். மரியாதையாகத்தான் பேசினார். ஆள் இல்லை என்றார். அது பொய்யில்லை. 2025 மார்ச்சில் மாநிலம் முழுவதற்கும் 3,274 டிரைவர் கண்டக்டர் பணியிடங்களுக்கு அறிவிப்பு வந்தது, அவ்வளவு காலியாக விட்டிருந்தார்கள். நான் ஒருத்தியாகப் போனால் "பார்க்கலாம்மா" என்பதோடு முடிகிறது. கிராம சபைத் தீர்மானம் என்று ஒரு தாள் இருந்தால் அவரும் அதை மேலே அனுப்ப முடியும். அன்றைக்கு நீ பேசிய பேச்சில் அந்தத் தீர்மானம்தான் வராமல் போயிற்று.

வருஷத்தில் ஆறு கிராம சபை உண்டு. அடுத்ததில் நீயே எழுந்து பேச வேண்டும் என்று கேட்கிறேன். நான் பேசினால் பொம்பளைப் பேச்சு என்று தள்ளிவிடுவார்கள். வேண்டாம் என்று சொன்ன நீயே வேண்டும் என்று சொன்னால் கேட்பார்கள். மதிய நடையை எடுக்கக் கூடாது, சாயங்கால வண்டி பள்ளிக்கூடம் விட்ட பிறகு கிளம்ப வேண்டும், இந்த இரண்டும் போதும். பெரிய பட்டியல் போட்டால் ஒன்றும் நடக்காது.

அதற்கு முன்னால், வருகிற திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு வாங்குகிற நாள். பஸ்ஸில் தினமும் வருகிற பெண்களிடமும் பூக்காரர்களிடமும் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறேன். சித்தி முதல் கையெழுத்தாகப் போட்டிருக்கிறார். நான் கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டேன். நீயும் மில்லில் சொல்லிவிட்டு வா. காலை முதல் வண்டியில் போவோம், பைக்கை வீட்டிலேயே வைத்துவிட்டு வா.

இப்படிக்கு,
உன் அக்கா