செல்ஃப் எடுக்காத மினி டிராக்டரும் வீண் செலவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மினி டிராக்டர் வாங்குவதற்கான மானியம் குறித்துத் தங்கள் நாளிதழின் வேளாண் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த செய்தியைப் படித்தேன். சிறு, குறு விவசாயிகள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், மகளிர் ஆகியோருக்கு உச்சவரம்புக்கு உட்பட்டு 50 சதவீதமும் ஏனையோருக்கு 40 சதவீதமும் மானியம் கிடைப்பதால், தென்னந்தோப்பிலும் வாழைத்தோட்டத்திலும் ஐந்தடிப் பார் கரும்பிலும் இன்று சின்ன வண்டிகள்தாம் ஓடுகின்றன. வாங்குவதற்கு வழிகாட்ட ஆள் இருக்கிறது. வாங்கிய வண்டி ஒரு நாள் ஸ்டார்ட் ஆகி மறுநாள் ஆகாமல் நின்றால் எங்கே தொடங்கிப் பார்ப்பது என்று சொல்லித்தர மட்டும் ஆள் இல்லை. அதைப் பற்றியே இக்கடிதம்.

என்னிடம் உள்ளது ஆறு ஆண்டுகள் ஓடிய 24 குதிரைத்திறன் வண்டி. காலையில் சாவியைத் திருப்பியதும் எடுக்கும். இரண்டு மணி நேரம் மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர் ஓட்டிவிட்டுத் தேநீர் குடிக்க நிறுத்தினால், மறுபடி சாவியைத் திருப்பும்போது ‘டிக்’ என்று மெல்லிய ஓசை ஒன்று மட்டும் கேட்கும். அரை மணி நேரம் கழித்து ஒன்றுமே நடவாததுபோல் எடுக்கும். முதலில் பேட்டரி போய்விட்டது என்றார்கள். ஆறாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்துப் புதிது மாட்டினேன். மூன்று வாரத்தில் பழைய கதைதான். அடுத்து, எஞ்சினைச் சுற்றிவிட்டு ஸ்டார்ட் செய்யும் செல்ஃப் மோட்டாரைக் கழற்றி, கார்பன் பிரஷ்ஷும் புஷ்ஷும் மாற்றினார்கள். அதன் பிறகும் அதே ‘டிக்’. வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோனால் அங்கே ஒழுங்காக எடுக்கும். தோட்டத்துக்கு வந்தால் நிற்கும். விட்டுவிட்டு வரும் கோளாறின் குணமே அதுதான். அது இருக்கும் நேரத்தில் பிடித்தால்தான் அகப்படும்.

இறுதியில் அதைப் பிடித்துக் காட்டியது, ஐடிஐ படித்துவிட்டு ஊருக்கு வந்திருந்த என் அண்ணன் மகனும் அவன் கையிலிருந்த ஒரு மல்டிமீட்டருமே. வண்டி சூடாக நின்று மக்கர் செய்த ஒரு மதியத்தில், “சித்தப்பா, நியூட்ரல்ல போட்டு, கிளட்ச மிதிச்சுட்டு சாவியத் திருப்பி அப்படியே புடிங்க” என்று சொல்லிவிட்டு, மீட்டரின் இரு முனைகளையும் பேட்டரியின் ஈயத் தலைகளில் வைத்தான். சாவியைத் திருப்பும் முன் 12.6 வோல்ட். திருப்பிப் பிடித்தபோது 12.3. அரை வோல்ட்கூட இறங்கவில்லை. செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கக்கூடியது. அது சுற்றினால் நல்ல பேட்டரியிலேயே பத்து, பத்தரை வோல்ட் அளவுக்கு இறங்கும். இறங்கவில்லை என்றால் மோட்டாருக்கு மின்சாரமே போகவில்லை என்று பொருள். நான் வாங்கிய புதுப் பேட்டரி வீண் செலவு என்பது அந்த ஒரு அளவிலேயே தெரிந்துவிட்டது.

பிறகு மோட்டாரின் மேல் அமர்ந்து, சாவியைத் திருப்பியதும் மோட்டாருக்குப் பேட்டரியை இணைத்துவிடும் மின்காந்த சுவிட்சான சொலினாய்டுக்கு வரும் சின்ன வயரில் அளந்தான். சாவியைத் திருப்பிய நிலையில் அங்கே பன்னிரண்டுக்குப் பக்கமாக இருந்திருக்க வேண்டும், இருந்ததோ 7.4 வோல்ட். அந்த வயரைப் பின்னோக்கித் தொட்டுக்கொண்டே போனதில், கிளட்ச் பெடலுக்கு அருகிலுள்ள, கிளட்சை மிதித்தால்தான் செல்ஃப் எடுக்கவிடும் பாதுகாப்பு சுவிட்சின் கனெக்டருக்கு முன்னால் 11.8, பின்னால் 7.4. கழற்றிப் பார்த்தால், செம்புத் தகடு பச்சை பூத்து, அதைச் சுற்றியிருந்த வெள்ளைப் பிளாஸ்டிக் காய்ந்த புகையிலை நிறத்துக்குப் பழுத்திருந்தது. யூரியா மூட்டை ஏற்றிய வண்டியை மழையில் நிறுத்தியது நான்தான். யாரைக் குறை சொல்ல? உப்புத்தாளால் தேய்த்து, வயர் முனைக்குப் புது லக் (உலோகக் கொண்டி) போட்டு, கொஞ்சம் வாசலின் தடவினோம். செலவு நாற்பது ரூபாய். அதன் பிறகு ஒரு மழைக்காலம் முழுவதும் கடந்துவிட்டது. ஒரு முறைகூட மக்கர் செய்யவில்லை.

சூடானபோது மட்டும் ஏன் என்ற கேள்வி எனக்கும் இருந்தது. செம்புக் கம்பியின் மின்தடை, வெப்பநிலை ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் சுமார் 4 சதவீதம் கூடும். எஞ்சினை ஒட்டியுள்ள சொலினாய்டுச் சுருள் 50 டிகிரி சூடேறினால் அதன் தடை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. ஏற்கெனவே குறைந்த வோல்டேஜில் தத்தளிக்கும் சுருளுக்கு அதன்பின் உள்ளே இருக்கும் பிளஞ்சர் என்ற இரும்புத் தண்டை இழுக்கத் தெம்பு இருப்பதில்லை. ஆறினால் மறுபடி இழுக்கிறது. இதில் மாயம் எதுவும் இல்லை.

பட்டறைகளில் பொதுவாகச் செய்யும் ஒரு சோதனையை இங்கே குறிப்பிட வேண்டும். வயரில் ஒரு சின்ன பல்பைத் தொட்டுப் பார்த்து, எரிந்தால் ‘லைன் நல்லா இருக்கு’ என்று முடிவு கட்டுகிறார்கள். சின்ன பல்புக்கு அரை ஆம்பியர்கூடத் தேவையில்லை. இருபது இழைகளில் ஓர் இழை மட்டும் மிஞ்சியிருந்தாலும் அது பளிச்சென்று எரியும். சுமை ஏறும்போதுதான் குறை வெளியே தெரியும். பேட்டரியிலிருந்து மோட்டாருக்குப் போகும் பெரிய கேபிளில் 0.01 ஓம் தடை இருந்தால் எந்தப் பல்பும் காட்டிக்கொடுக்காது. ஆனால் 150 ஆம்பியர் ஓடும்போது அதே இடம் 1.5 வோல்ட்டை விழுங்கிவிடும். எனவே செல்ஃப் அடிக்கும்போது அளப்பதே அளவு. மின்சாரம் பேட்டரியின் மைனஸுக்குத் திரும்பும் எர்த் பக்கத்தைப் பார்க்க, மீட்டரின் ஒரு முனையை மோட்டாரின் உடம்பிலும் மற்றொன்றை பேட்டரியின் மைனஸ் தலையிலும் வைத்துச் சாவியைத் திருப்ப வேண்டும்; அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயரையோ அது வண்டியின் இரும்புச் சட்டத்தில் (சேஸ்) முடுக்கியிருக்கும் போல்ட்டையோ கவனிக்க வேண்டும். பெயின்ட்டின் மேலேயே எர்த் வயரை முடுக்கியிருக்கும் வண்டிகளை நானே பார்த்திருக்கிறேன்.

மீட்டர் இல்லாதவர்கள் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பலாம். விளக்கு மங்காமலே இருந்து செல்ஃப் எடுக்கவில்லை என்றால் சாவி சுவிட்ச், பாதுகாப்பு சுவிட்சுகள், சின்ன வயர், சொலினாய்டு என்ற வரிசையில் தேட வேண்டும். விளக்கு அணைகிற அளவுக்கு மங்கினால் பேட்டரி, டெர்மினல், அல்லது இறுகிப்போன மோட்டார். ‘டகடக’ என்று தொடர்ந்து அடித்தால் பெரும்பாலும் பேட்டரி இறங்கியிருக்கும், அல்லது டெர்மினல் தளர்ந்திருக்கும். மோட்டாரைச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினால் எடுக்கிறது என்றால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் அது வேறு வழி. டீசல் லைனில் காற்று, அடைத்த ஃபில்டர், டீசலை நிறுத்தும் சொலினாய்டு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். அதற்கும் பேட்டரி மாற்றியவர்கள் எங்கள் பக்கத்தில் உண்டு.

நான் உண்மையில் அஞ்சுவது வீண் செலவைக் குறித்து அல்ல. இப்படி விட்டுவிட்டு மக்கர் செய்யும் வண்டிக்குப் பலரும் கண்டுபிடித்திருக்கும் குறுக்கு வழி, ஸ்க்ரூ டிரைவரால் செல்ஃப் மோட்டாரின் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தொட்டு எடுப்பது. கிளட்ச் சுவிட்ச், பிடிஓ (ரோட்டவேட்டர் போன்ற கருவிகளைச் சுற்றும் தண்டு) சுவிட்ச் எதையும் கேட்காமல் மோட்டார் சுற்றும். வண்டி கியரில் இருந்தால் எஞ்சின் பிடித்த நொடியிலேயே நகரும். தொட்டவர் நிற்பதோ பின் சக்கரத்துக்கு முன்னால். பாதுகாப்பு சுவிட்சின் இரண்டு வயர்களையும் முறுக்கி டேப் சுற்றிவிட்டால் ‘தொல்லை தீர்ந்தது’ என்று எனக்கும் ஒரு மெக்கானிக் யோசனை சொன்னார். கோளாறு அந்த இடத்தில்தான் இருந்தது என்பதால் வண்டியும் எடுத்திருக்கும், நானும் அவரைப் பாராட்டியிருப்பேன். மறுநாள் என் மகன் கியரில் நிற்கும் வண்டியின் சாவியைக் கீழே நின்றபடி திருப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே மனம் ஒப்பவில்லை.

ஆகவே வேளாண்மைப் பொறியியல் துறைக்குத் தங்கள் நாளிதழ் வாயிலாக இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். மானியத்தில் வண்டி பெறும் விவசாயிக்கு அரை நாளாவது மல்டிமீட்டரைக் கையில் கொடுத்து, ஓடும் வண்டியிலேயே இந்த அளவுகளைப் பார்க்கப் பழக்க வேண்டும். மற்றொன்று, மானியப் பட்டியலில் இடம்பெறும் ஒவ்வொரு வண்டிக்கும், எந்த நிற வயர் எங்கிருந்து எங்கே போகிறது, பாதுகாப்பு சுவிட்சுகள் எங்கெங்கே உள்ளன என்பதைக் காட்டும் வயரிங் படத்தைத் தமிழில் தர வேண்டும் என்று நிறுவனங்களுக்கு நிபந்தனை விதிக்க வேண்டும். என் வண்டியுடன் வந்த கையேட்டில் அந்தப் படம் ஆங்கிலத்தில், அதுவும் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் எழுத்தில் இருக்கிறது. அந்த கிளட்ச் சுவிட்ச் அதில் ஒரு மிளகு அளவுக்குத்தான் தெரிகிறது.

இப்படிக்கு,
ஒரு தென்னை, வாழை விவசாயி,
கோபிசெட்டிபாளையம் வட்டம், ஈரோடு மாவட்டம்.