சயானிலிருந்து கோமதிக்கு

சயான் கோலிவாடா,
மும்பை.

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் கணபதியைக் கரைத்த மறுநாள் கைக்கு வந்தது. இங்கே மழை இன்னும் விட்டபாடில்லை. கார் நெல்லை என்ன விலைக்குப் போட்டாய் என்று எழுதாமலே விட்டுவிட்டாய். நல்ல விலை கிடைத்திருந்தால் முதல் வரியிலேயே எழுதியிருப்பாய், எனக்குத் தெரியாதா? அண்ணாச்சிக்கு முழங்கால் ஆபரேஷன் தேதி குறித்தாச்சா? இவர் ரிட்டயர் ஆனதிலிருந்து காலை டீ அவர்தான் போடுகிறார். அதைக் குடிப்பது மட்டும் என் பொறுப்பு. சின்னவளுக்குத் தாணேயில் வேலை கிடைத்திருக்கிறது. லோக்கல் டிரெயின் நெரிசலைத் திட்டிக்கொண்டே சந்தோஷமாகப் போய்வருகிறாள்.

இனி நீ கேட்ட விஷயம். உன் மருமகள் நெரூலில் வீட்டோடு இருக்கப் பிடிக்காமல் ஒரு மேக்கப் கம்பெனியில் சேர்ந்து கேட்லாக் வாங்கிவிட்டாள், 'நம்ம குடும்பத்துப் பொண்ணு கண்டவர் வாசலில் போய் நிற்பதா' என்று உனக்கு ஆற்றாமை. ஏட்டி, பத்துப் பன்னிரண்டு வருஷமாக நானும் அதே வேலைதானே செய்கிறேன்? நான் எந்தக் குடும்பத்துப் பொண்ணாம்? சரி போ, உன்னிடம் கோபித்துக்கொள்ள இந்த வயசில் தெம்பில்லை.

எங்கள் மீட்டிங்கில் ஒரு பழைய சங்கதி சொல்வார்கள். 1886-ல் நியூயார்க்கில் டேவிட் மெக்கானல் என்று ஒருவர் வீடு வீடாகப் புத்தகம் விற்றுக்கொண்டிருந்தார். கூடவே இனாமாக ஒரு சின்ன சென்ட் குப்பியும் கொடுப்பார். பெண்களுக்குப் புத்தகத்தைவிடக் குப்பிதான் பிடித்தது. மனுஷர் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு சென்ட் கம்பெனியே தொடங்கிவிட்டார். அதுதான் 1939-ல் ஏவான் என்று பேர் மாறிய கம்பெனி. அவருக்கு முதலில் விற்றுக் கொடுத்தவர் ஆல்பி என்கிற ஐம்பது வயது அம்மாள். அமெரிக்காவில் பெண்களுக்கு நாடு முழுக்க ஓட்டுரிமை வந்ததே 1920-ல்தான். அதற்கு எத்தனையோ வருஷம் முன்பே அந்த அம்மாள் பையைத் தூக்கிக்கொண்டு நாலு வீடு போய்ச் சொந்தக் காசு பார்த்திருக்கிறார். அவருடைய மாமியார் என்ன சொன்னாரோ, அதை மீட்டிங்கில் யாரும் சொல்வதில்லை.

அதுவும் போக, மும்பையில் வாசல் வாசலாக நிற்க ஆசைப்பட்டாலும் இப்போது முடியாது. நான் தொடங்கின காலத்தில் யாவாரமெல்லாம் சால்களில்தான். நீ வந்திருந்தபோது பார்த்தாயே, ஒரே வராந்தா, வரிசையாக ஒற்றை ரூம் வீடுகள், பகலில் ஒரு கதவும் சாத்தியிருக்காது. ஒருத்தி லிப்ஸ்டிக்கை மணிக்கட்டில் கோடு போட்டுப் பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரி சப்பாத்தி மாவுக் கையோடு எட்டிப் பார்ப்பாள். அரை மணியில் ஒரு கூட்டமே சேர்ந்துவிடும். அதையெல்லாம் இடித்து, குடிசைவாசிகளுக்கு மாற்று வீடு தருகிற எஸ்.ஆர்.ஏ. திட்டத்தில் பில்டிங் கட்டிக் கொடுத்தார்கள். அதே ஆட்கள்தான். ஆனால் இப்போது ஏழாவது மாடி, கதவு, கதவுக்கு வெளியே கிரில், கீழே வாச்மேன், அவர் தலைக்கு மேலே விற்பனைக்காரர்கள் உள்ளே வரக்கூடாது என்று போர்டு. 1954-ல் ஏவான் விளம்பரத்தில் 'டிங் டாங்' என்று வாசல்மணி அடித்துப் பிரபலமானதாம். இங்கே மணி இருக்கும் இடத்துக்குப் போகவே ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது.

சட்டமும் சேர்ந்துகொண்டது. 2021 டிசம்பரில் நேரடி விற்பனைக்கென்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது. அடையாள அட்டை இல்லாமலும், முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளாமலும் யார் வீட்டுக்கும் போகக்கூடாது. போனவுடன் நான் யார், எந்தக் கம்பெனி, என்ன கொண்டுவந்திருக்கிறேன் என்று அவர்கள் கேட்காமலே சொல்ல வேண்டும். எங்கள் கூட்டத்தில் பலர் முகத்தைச் சுளித்தார்கள். எனக்கு அது வசதியாகத்தான் இருக்கிறது. சொல்லிவிட்டுப் போனால் நாற்காலி கிடைக்கும், தண்ணீர் கிடைக்கும். சொல்லாமல் போனால் கதவுச் சங்கிலிக்குப் பின்னால் அரை முகம்தான்.

அதனால் பில்டிங்குக்கு ஒரு அக்கா வேண்டும். பில்டிங் சொசைட்டி சேர்மன் வீட்டம்மாவைப் பிடிக்காதே என்று உன் மருமகளிடம் சொல். அவர்கள் முன்னால் மற்றவர்கள் வாயைத் திறக்கமாட்டார்கள். பிளவுஸ் தைக்கிறவள், டியூஷன் எடுக்கிறவள், சீட்டுப் பிடிக்கிறவள், இப்படி நாலு பேர் வந்துபோகிற வீடாக இருக்க வேண்டும். அங்கே கேட்லாக்கைப் போட்டுவிட்டு வந்தால் அது தானாகப் புரளும். சென்ட் வாசனை தடவின பக்கத்தைத் தேய்த்துத் தேய்த்து முகர்ந்து கிழித்தே விடுவார்கள், கிழிக்கட்டும். அந்த அக்காவுக்கு மாதம் ஒரு க்ரீமோ சோப்போ என் கையிலிருந்து கொடுப்பேன். காசாகக் கொடுப்பதில்லை. காசு வாங்குகிறாள் என்று தெரிந்தால் அவள் சொல்லை யாரும் நம்பமாட்டார்கள். போகிற நேரமும் முக்கியம். குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் போனால் உன்னைத் தூக்கி வெளியே வைப்பார்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்து, ஸ்கூல் பஸ் வருவதற்குள் உள்ள நேரம்தான் நமக்கு.

இனிச் சொல்வதை மட்டுமாவது அவளுக்கு வாசித்துக் காட்டு. ஆர்டர் எடுப்பது பெரிய காரியமே இல்லை. முகதாட்சண்யத்துக்கு ஒரு தடவை எல்லாரும் வாங்குவார்கள். பொருளைக் கொண்டுபோய்க் கொடுக்கிற நாளில்தான் கஸ்டமர் உண்டாகிறாள். புதுசாக வருகிற பெண்கள் பையை வாசலில் நீட்டி, ஜிபே சத்தம் கேட்டதும் லிஃப்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். நான் உட்கார்ந்து, என் முன்னாலேயே மூடியைத் திறக்க வைப்பேன். ஃபேஸ்வாஷ் கடலைப் பருப்பளவு போதும் என்று உள்ளங்கையில் விட்டுக் காட்டுவேன். டப்பாவின் பின்பக்கம் மூடி திறந்த ஜாடிப் படம் ஒன்று சின்னதாக இருக்கும், அதற்குள் 12 எம், 6 எம் என்று போட்டிருக்கும். திறந்த பிறகு எத்தனை மாதம் வைத்துக்கொள்ளலாம் என்கிற கணக்கு அது. படித்தவர்களில்கூடப் பாதிப் பேர் அதைக் கவனித்ததில்லை. மஸ்காரா பாதி இருந்தாலும் ஆறு மாதம் ஆனால் தூரப் போடு, கண் சமாச்சாரம் என்று சொல்வேன். புதுசு விற்கத்தான் சொல்கிறாள் என்று முதலில் நினைப்பார்கள். அதே வாயால் 'ஃபேஸ்வாஷ் கொஞ்சமாக எடு, ஒரு டியூப் ரெண்டு மாசம் வரும்' என்றும் சொன்னேனே, அது பிற்பாடு ஞாபகம் வரும்.

பிறகு நோட்டு. அவள் போனில்கூட வைத்துக்கொள்ளட்டும், எனக்கு நீளமான கணக்கு நோட்டுதான் சரி. ஒரு பக்கத்திலிருந்து அப்படியே எழுதுகிறேன், பார்: 'சி விங், டியூஷன் டீச்சர். காஜல் கொடுத்தது ஆகஸ்ட் 10, அக்டோபர் முதல் வாரம் கேட்க வேண்டும். ரோஜா வாசனை ஆகாது, தலைவலி. மகள் கல்யாணம் தையில்.' தீர்ந்துபோகிற தேதியை முன்கூட்டி எழுதி வைப்பதுதான் இதில் விஷயம். லிப்ஸ்டிக் வாங்குகிறவள் ஒன்று வாங்கிவிட்டு ஆறேழு மாதம் திரும்பிப் பார்க்கமாட்டாள். கைப்பையில் ஏற்கெனவே நாலு கிடக்கும். காஜல், ஃபேஸ்வாஷ், லோஷன், ஷாம்பு இதெல்லாம் தீர்ந்துகொண்டே இருக்கும். தீர்வதற்கு ஒரு வாரம் முன்னால் நம்ம போன் போய்விட வேண்டும். டப்பா காலியான பிறகு போன் பண்ணினால் அவள் கீழே உள்ள கடையில் வேறு ஏதாவது வாங்கியிருப்பாள். புது வாசல் தேடுகிற நேரத்தில் பாதியைப் பழைய பக்கங்களைப் புரட்டுவதில் செலவழித்தால் போதும். அதற்குத்தான் யாருக்கும் பொறுமை இல்லை.

போன மாதம் ஆண்டாப் ஹில் கவர்ன்மென்ட் குவார்ட்டர்ஸில் ஒரு கல்யாணப் பெண்ணுக்கு ஃபவுண்டேஷன் பார்த்தோம். நம்ம ஊர்க்காரர்கள்தான், பெண் நல்ல மாநிறம். அம்மா விரல் வைத்த ஷேடு அதைவிட ரெண்டு படி வெளுப்பு. நான் வாதம் பண்ணவில்லை. அந்த ஷேடையும் நான் நினைத்த ஷேடையும் பெண்ணின் தாடை ஓரத்தில் பக்கம் பக்கமாகக் கோடு போட்டேன். டியூப்லைட்டை அணைக்கச் சொல்லிப் பால்கனி வெளிச்சத்தில் அவளை நிறுத்தினேன். ஒரு கோடு தோலோடு சேர்ந்து எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. மற்றது சாம்பல் நிறத்தில் திட்டாகத் தனியே நின்றது. 'அய்யய்ய, அதைத் துடை' என்று அம்மாவே சொல்லிவிட்டாள். பெண் வாயே திறக்கவில்லை. நான் கிளம்பும்போது மட்டும் லிஃப்ட் வரைக்கும் கூட வந்தாள்.

ஃபேர் அண்ட் லவ்லி 2020-ல் க்ளோ அண்ட் லவ்லி ஆனது. பேர்தான் மாறியிருக்கிறது, 'இதைப் போட்டால் கலர் வருமா' என்கிற கேள்வி மாறவில்லை. வராது என்று சொல்லிவிடுவேன். வரும் என்று சொல்கிறவளிடம் சிலர் போகிறார்கள். போகட்டும். கலர் வரவில்லை என்ற சண்டையும் அவளோடு போகும். முதல் தடவை வாங்குகிற க்ரீமை முழங்கையின் உள்பக்கம் தடவி ஒரு நாள் பார்க்கச் சொல்வேன். அரித்தால் திருப்பி எடுத்துக்கொள்வேன்.

காசு விஷயம். என் கம்பெனியில் எனக்கு நூற்றுக்கு இருபது. முந்நூறு ரூபாய் லிப்ஸ்டிக்கில் அறுபது. 'பத்து பர்சன்ட் குறைத்துக்கொடு அக்கா' என்பார்கள். கேட்கச் சின்னதாக இருக்கும், ஆனால் முப்பது ரூபாய், என் லாபத்தில் சரிபாதி. மிச்ச முப்பதில்தான் கேட்லாக் வாங்கின காசும், சாம்பிளும், ஆட்டோவும். அதனால் விலையைக் குறைப்பதில்லை, சாம்பிள் ஒன்று கூடக் கொடுப்பேன். கடன் கொடுக்காமல் இந்தத் தொழில் நடக்காது. ஆனால் ரெண்டாவது தடவை வாங்குகிறவளுக்குத்தான், அதுவும் சம்பளத் தேதி வரைக்கும்தான். தெரியாத ஆளிடம் பாதியாவது முன்பணம்.

அவளுடைய அப்லைன் அம்மாள், அதாவது அவளைத் தனக்குக் கீழே சேர்த்துவிட்டவள், ஆள் சேர்க்கச் சொல்லி நச்சரிப்பாள், அதற்கு மட்டும் காது கொடுக்க வேண்டாம். 'கஸ்டமர் பிடித்தால் காசு, ஆள் பிடித்தால் கார்' என்று மேடையில் ஒருத்தி பேசினதை நானே கேட்டிருக்கிறேன். நான் இன்னும் ஜி.டி.பி. நகர் ஸ்டேஷனுக்கு நடந்துதான் போகிறேன், அவளையும் ஒருநாள் டிரெயினில்தான் பார்த்தேன். ஆள் சேர்த்ததற்காகவே காசு தருகிற பிரமிடுத் திட்டத்தை நான் சொன்ன அதே விதி தடை செய்திருக்கிறது. சேருவதற்குக் கட்டணம் கேட்பதும் கூடாது. சட்டம் கிடக்கட்டும், கணக்குப் போட்டுப் பார். நல்ல கஸ்டமர் ஒருத்தியைக் கீழே சேர்த்தால் அவள் தனக்கு வேண்டியதைத் தானே சலுகை விலையில் எடுத்துக்கொள்வாள், அவள் பில்டிங்கும் கூடவே போய்விடும். இன்னொன்று, மாதக் கடைசியில் விற்பனைக்கான பாயிண்ட் குறைகிறது என்று சொந்தக் காசில் சரக்கு எடுக்கச் சொல்வார்கள். எடுத்தால் அது பீரோவில்தான் இருக்கும். மே மாதப் புழுக்கத்தில் லிப்ஸ்டிக்கெல்லாம் முத்து முத்தாக வேர்த்து நிற்பதைப் பார்க்க வேண்டுமே! பிறகு அதைக் கல்யாணத்துக்கெல்லாம் மொய்யாக வைத்துத் தீர்ப்பார்கள்.

ஆன்லைனைப் பற்றிப் பயந்து எழுதியிருந்தாய். பயம் நியாயம்தான். ஆன்லைனில் மேக்கப் சாமான் விற்கிற நைக்கா 2012-ல் இந்த ஊரில்தான் தொடங்கியது, இப்போது போனைத் தட்டினால் நேற்று விளம்பரத்தில் பார்த்தது இன்று வீட்டில். சின்னப் பெண்கள் என் முன்னாலேயே விலை ஒத்துப் பார்க்கிறார்கள். அவர்களைத் துரத்துவதில்லை. என் நோட்டில் நிற்பவர்கள் நாற்பது தாண்டினவர்கள், ஷேடு சரியில்லை என்றால் யாரிடம் திருப்பிக் கொடுப்பது என்று முகம் தெரிய வேண்டியவர்கள். குவார்ட்டர்ஸ்காரர்கள் டெல்லிக்கு மாற்றலாகி ஆர்.கே. புரம் போன பிறகும் போனில் ஆர்டர் சொல்கிறார்கள்.

உன் மருமகள் நல்ல நேரத்தில்தான் தொடங்குகிறாள். நவராத்திரி வருகிறது. நெரூலில் நம்மவர்கள் நிறைய, கொலு வைக்கிற வீடுகளில் வெற்றிலை பாக்கோடு கொடுக்கச் சின்னப் பொருள் தேடுவார்கள். லிப் பாம், கைக்கு க்ரீம் என்று மொத்தமாக எடுப்பார்கள், ஆனால் இப்போதே போய்க் கேட்க வேண்டும், கொலுப்படி கட்டின பிறகு கேட்டால் தாமதம். மராட்டிக்காரர்கள் வீட்டில் இதே மாதிரி சங்கராந்திக்குப் பிறகு ஹல்தி குங்குமம் நடக்கும். இங்கே நவராத்திரி ஒன்பது நாளும் ஆபீஸ் பெண்கள் நாளுக்கொரு நிறத்தில் சேலை கட்டுவார்கள், நெயில் பாலிஷ் அப்போது நன்றாகப் போகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹார்பர் லைனில் ஏறி ஜி.டி.பி. நகரில் இறங்கி வரச் சொல். அவள் கம்பெனி வேறு, என் கம்பெனி வேறு, என் கீழே சேர்த்துவிடுவேன் என்று நீ கவலைப்படாதே. என்னோடு ரெண்டு பில்டிங் ஏறி இறங்கட்டும், ஒரு டெலிவரியை உட்கார்ந்து பார்க்கட்டும், பிறகு பிடித்தால் செய்யட்டும்.

உனக்குப் பித்தவெடிப்புக்கு க்ரீம் ஒன்று தனியாகப் பார்சல் போட்டிருக்கிறேன். ராத்திரி காலைக் கழுவி, ஈரம் துடைத்துத் தடவிவிட்டு அண்ணாச்சியின் பழைய சாக்ஸ் ஏதாவது மாட்டிக்கொண்டு படு. காலையில் தடவிக்கொண்டு வயலில் இறங்காதே, தண்டம். காசு அனுப்பினால் கோபம் வரும். ஊரிலிருந்து யாராவது இந்தப் பக்கம் வந்தால் கூழ்வற்றல் கொடுத்துவிடு, போன தடவை மாதிரி உப்பை அள்ளிப் போடாமல்.

அன்புடன்,
பேச்சி